ஆர்டித் ரிவர்ஸ் எடுத்த குளிர்காலம்

டிரெய்லர் வீடுகள் வந்து தங்குகிற எங்கள் பார்க்கில் யாராவது டிரெய்லரை ரிவர்ஸில் நிறுத்த வந்தால் அன்றைக்கு எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு வேண்டாம். அவரவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவோம். முதல் நாற்காலி வெண்டலுடையதாக இருக்கும். கனடாவில் சஸ்காட்சுவான் பனிக்குப் பயந்து ஒவ்வொரு நவம்பரிலும் அரிசோனாவுக்கு ஓடிவரும் மனிதர் அவர். பார்க்கைப் பார்த்துக்கொள்வது நான் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. காலையில் குளியலறைகளைக் கழுவுகிறேன், வருகிறவர்களுக்கு இடம் காட்டுகிறேன். அதற்குக் கூலியாக என் டிரெய்லர் வாசலுக்குப் பக்கத்திலேயே வாடகையில்லாமல் நிற்கிறது.

அந்த டிசம்பர் மத்தியானம் வந்தவர்கள் டெல்பர்ட்டும் ஆர்டித்தும். நெப்ராஸ்காவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரே வீடு என்று கிளம்பி நாலு வருடம் ஆகியிருந்தது. குளிர்காலமெல்லாம் எங்களிடம்தான். டெல்பர்ட் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். ஆர்டித் ஆரஞ்சு நிறச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு டிரெய்லருக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினாள். சாலையில் குழி தோண்டுகிறவர்கள் போடுகிற சட்டை அது. அவள் பிறந்தநாளுக்கு டெல்பர்ட் வாங்கிக் கொடுத்தது.

டிரெய்லர் மெதுவாகப் பின்னால் வந்தது. கொஞ்சம் வளைந்தது. இன்னும் கொஞ்சம் வளைந்தது. பிறகு தண்ணீர்க் குழாய் நின்ற கம்பத்தின்மேல் ஏறியது. தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. வெண்டல் நாற்காலியை இரண்டு அடி பின்னால் நகர்த்திக்கொண்டு தொடர்ந்து பார்த்தார். நான் ஓடிப்போய் வால்வை மூடினேன்.

டெல்பர்ட் இறங்கி வந்தார். "நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"குழாய் உடையறதுக்கு முன்னாடி ஒருதரம் சொன்னேன். உடையறப்ப சொன்னேன். உடைஞ்சதுக்கப்புறமும் சொன்னேன்."

"எனக்குக் கேக்கலையே."

"ரேடியோவக் குறைச்சிருந்தா கேட்டிருக்கும்."

"கண்ணாடியில நீ தெரியவே இல்ல ஆர்டித். நூறு தரம் சொல்லியிருக்கேன், கண்ணாடியில தெரியற மாதிரி நில்லுன்னு."

ஆர்டித் தலையிலிருந்து பாதம்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி, உடைந்த குழாயின்மேல் போட்டாள். நேராக என் டிரெய்லருக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"காபி இருக்கா நோரீன்?" என்றாள். கொடுத்தேன். துண்டையும் கொடுத்தேன்.

"நான் இந்த மனுஷனை விட்டுட்டுப் போகப்போறேன்" என்றாள், தலையைத் துவட்டிக்கொண்டே, கடைக்குப் போகப்போகிறேன் என்பதுபோல.

"ஒரு குழாய்க்காகவா?"

"குழாய்க்காக இல்ல. எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, எல்லாரும் ஆச்சரியப்படறாங்க. அதுல ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. அங்க வீட்டுல கார் நிறுத்தற கராஜ் ஒண்ணு இருந்துச்சு. காலையில சாப்பிட்டுட்டு அதுக்குள்ள போனார்னா ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வெளிய வருவாரு. உள்ள என்ன பண்ணாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவ்வளவு நல்லா வாழ்ந்தோம். இப்ப கராஜ் இல்ல. நான் முட்டை வேகவச்சா பக்கத்துல நின்னு, முட்டை எப்படி வேகுதுன்னு எனக்கு விளக்கறாரு. காலையில எழுந்ததும் வானிலை. காத்து எந்தப் பக்கம், எவ்வளவு வேகம். ஜன்னல் எனக்கும்தான இருக்கு?"

அவள் கோபமாகப் பேசியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் யோசித்து முடித்துவிட்ட ஆள் மாதிரி பேசினாள்.

மறுநாள் காலை டெல்பர்ட் என்னிடம் வந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. "டிரெய்லரும் வண்டியும் அவளே வச்சுக்கட்டும்னு சொல்லிட்டேன். நியாயம்தான? நான் கூடாரத்துல இருந்துக்கறேன். மூலையில அந்தக் காலி இடத்துல போட்டுக்கலாமா?"

"போட்டுக்கோங்க. ஆனா அவ அத எப்படி ஓட்டிட்டுப் போவா? அவ ஓட்டி நான் பாத்ததே இல்லையே."

"அதான் பிரச்சனை" என்றார். "நான்தான் சொல்லிக் கொடுக்கணும்."

மனைவி தன்னைவிட்டுப் போவதற்குத் தானே பாடம் எடுக்கப்போகும் கணவனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பார்க்கில் யாருமே பார்த்ததில்லை. அதனால் அன்று பார்க்குக்குப் பின்னாலுள்ள பொட்டல்வெளியில் எல்லா நாற்காலிகளும் வந்து சேர்ந்தன. வெண்டல் ஒரு பை நிறையச் சோளப்பொரி கொண்டுவந்திருந்தார்.

ஆர்டித் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் திருப்பி, ரேடியோவை அணைத்தாள். டெல்பர்ட் ஜன்னலோரம் நின்றார்.

"ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தப் பிடிச்சுக்கோ. டிரெய்லரோட வால் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கமே கொண்டு போ."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" ஆர்டித் அவரை உற்றுப் பார்த்தாள். "நாலு வருஷமா ராக்கெட் விடற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு இருந்தியே, இதுக்கா?"

டெல்பர்ட் பின்னால் போய் நின்றார். இரண்டு கைகளையும் ஆட்டத் தொடங்கினார். வண்டி இரண்டடி வந்து நின்றது. ஆர்டித் தலையை நீட்டினாள்.

"நீ என்னப் பின்னாடி வரச் சொல்றியா, இல்ல ஈ ஓட்டுறியா?"

"வான்னுதான் சொல்றேன்."

"அப்ப அந்த இன்னொரு கை?"

"அது இடது பக்கம் போகச் சொல்லுது."

"யாரோட இடது?"

டெல்பர்ட் தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நாலு வருடமாக இதே கேள்வியை ஆர்டித் அவரிடம் கேட்டிருக்கிறாள் என்பதும், குருடனுக்கும் தெரியுமே என்று அவர் சொல்லியிருக்கிறார் என்பதும் பார்க்கில் எல்லாருக்கும் தெரியும். வெண்டல் பொரியை மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

முதல் நாள் டிரெய்லர் பாதி வட்டம் அடித்துப் பிக்கப்பையே முட்டப் பார்த்தது. இரண்டாம் நாள் நேராக வந்தது, பார்க்கின் பின்வரிசையில் வேறு ஒருவருடைய இடத்துக்குள். டெல்பர்ட் கத்தவே இல்லை. கத்தினால் அவள் இறங்கி நடந்துவிடுவாள், அவளுக்கு ஓட்டத் தெரியாமலே போய்விடும், அப்புறம் அவள் போகவே முடியாது என்று ஒருவேளை அவருக்குத் தோன்றியிருக்கலாம். அப்படித் தோன்றியும் கத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மூன்றாவது பாடத்தில்தான் அந்தச் சம்பவம். ஆர்டித் அழகாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய கண்ணாடியில் தான் தெரியவேண்டும் என்ற ஒரே கவனத்தில் டெல்பர்ட், "வா, வா, அப்படியே வா" என்று கையை ஆட்டிக்கொண்டு தானும் பின்னாலேயே நடந்தார். பின்னால் சோயா என்கிற பாலைவன முள்கள்ளி ஒன்று இடுப்பு உயரத்துக்கு நின்றது. நாங்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். அதற்குள் அவர் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவர் போட்ட சத்தத்தில் ஆர்டித் பிரேக்கை மிதித்தாள். பிறகு சொன்னாள், "இது மட்டும் நல்லாக் கேட்டுச்சு."

சோயா முள்ளைக் கையால் தொடக்கூடாது. தொட்டால் கையிலும் ஏறிக்கொள்ளும். பெரிய பல் வைத்த சீப்பும் குறடும் வேண்டும். டெல்பர்ட்டை டிரெய்லருக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தோம். ஆர்டித் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறடை எடுத்தாள். நான் கிண்ணம் பிடித்தேன். உதவிக்கு வரட்டுமா என்று வெண்டல் கதவருகே நின்று கேட்டார். ஆர்டித் கதவைச் சாத்தினாள்.

"அசையாத."

"அசையல. நீதான் குறடை ஆட்டுற."

ஒரு முள் கிண்ணத்தில் விழுந்தது. இன்னொன்று. டெல்பர்ட் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டார், "நீ நிஜமாவே போறியா?"

"போறேன்."

"நான் ரொம்பப் பேசறேனா?"

"பேசற. ஆனா அது மட்டும் இல்ல டெல்பர்ட். இந்த டப்பாக்குள்ள நீ மூச்சு விடறதுகூட என்கிட்ட ஏதோ சொல்ற மாதிரியே இருக்கு."

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்.

"மூச்ச நிறுத்தச் சொல்லல" என்றாள் ஆர்டித். "விடு."

அவர் மூச்சை விட்டார். அவள் இன்னொரு முள்ளைப் பிடுங்கினாள். கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய்விடலாமா என்று எனக்கு இருந்தது. ஆனால் கிண்ணம் வைக்க இடமில்லை. அந்த டிரெய்லரில் எதற்குமே இடமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் எழுந்தால் ஆர்டித் எழவேண்டும். ஆர்டித் எழுந்தால் டெல்பர்ட் காலை மடக்கவேண்டும்.

"எனக்கு மட்டும் கராஜ் இல்லாம நல்லா இருக்குன்னு நினைக்கிறியா?" என்றார் டெல்பர்ட். "காலையில எழுந்தா கைக்கு ஒரு வேலையும் இல்ல. அதான் வானிலை சொல்றேன்."

ஆர்டித் அடுத்த முள்ளை முன்பைவிட மெதுவாக எடுத்தாள்.

ஆனாலும் போய்விட்டாள். கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. டெல்பர்ட் இன்னும் சரியாக உட்கார முடியாமல் நின்றுகொண்டே கொக்கியை மாட்டிக் கொடுத்தார், சங்கிலியைச் சரிபார்த்தார், பின் விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்தார். "மேட்டுல இரண்டாவது கியர்ல போ" என்றார். "தெரியும்" என்றாள். கொலராடோ ஆற்றோரம் ஏதோ ஒரு ஏரிக்கரைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். வாசல் திருப்பத்தில் ஒரு கல்லைக்கூடத் தொடாமல் வெளியேறினாள்.

டெல்பர்ட் மூலையில் கூடாரம் போட்டார். பார்க்கில் இருந்த பெண்கள் முறை வைத்துக்கொண்டு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்களெல்லாம் நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரிந்துகொண்டு திரும்பினார்கள். ஒரு வாரத்தில் முறை குழம்பியது. யாருக்கும் அன்றைக்குத் தங்கள் முறை என்று நினைவு வரவில்லை.

கடைசியில் வெண்டல்தான் ஒரு வழி சொன்னார். "யோவ், யூமாவுல ஒருத்தன் பழைய ரொட்டி வேன் விக்கறானாம். பெருசா ஒண்ணும் கேக்கமாட்டான். இன்ஜின் நல்லா இருக்கு, மத்ததெல்லாம் இல்ல. வந்து பாக்கறியா?"

உயரமான, சதுரமான வேன். பேக்கரியின் பெயரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஆனால் பக்கவாட்டில் வரைந்திருந்த ரொட்டி அப்படியே இருந்தது. டெல்பர்ட் அதைக் கொண்டுவந்து நிறுத்திய அன்றே புதிதாக வந்திருந்த ஒரு அம்மாள் இலவங்கப்பட்டை ரொட்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவரைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. வேனுக்குள்ளிருந்து ரம்பச் சத்தம் வரும், சுத்தியல் சத்தம் வரும், சீட்டியும் வரும். ரொட்டி அடுக்கிய தட்டுகளை வைத்துக் கட்டில் செய்தார், இழுத்தால் மேசையாக வரும் பலகை செய்தார், ஒவ்வொரு திருகாணிக்கும் தனித்தனியாகப் புட்டி வைத்தார். நான் சாப்பாடு கொண்டுபோனபோது, "வச்சுட்டுப் போ நோரீன், கையில பசை" என்றார். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பிப்ரவரி நடுவில் ஒரு காலை, நான் குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆர்டித்தின் பிக்கப் உள்ளே வந்தது. நாற்காலிகள் நகர்கிற சத்தம் பார்க் முழுவதும் கேட்டது. வெண்டல் ஒரு கன்னத்தில் சவர நுரையோடு ஓடிவந்தார். காலியாக இருந்த ஒரே இடம் ரொட்டி வேனுக்குப் பக்கத்து இடம்தான். புதுக் குழாய் போட்டிருந்த அதே இடம். அங்கேதான் போகவேண்டும் என்று நான் கை காட்டினேன்.

அவள் வண்டியை முன்னால் கொண்டுபோனாள், கண்ணாடியைப் பார்த்தாள், ஒரே ஓட்டத்தில் பின்னால் வந்தாள். குழாய்க்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்துபோகலாம். யாருக்கும் பார்க்க ஒன்றுமில்லை. வெண்டல் நாற்காலியை விரிக்கக்கூட இல்லை.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அமைதியா இருந்துச்சு. அவ்வளவு அமைதிய நான் பார்த்ததே இல்ல" என்றாள். கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தாள். "முதல் ரெண்டு வாரம் சொர்க்கம். அப்புறம் ஒருநாள், இன்னைக்குக் காத்து ஜாஸ்தின்னு நான் ஃபிரிட்ஜுகிட்ட சொல்லிட்டு இருந்தேன்."

அப்போதுதான் வேனைப் பார்த்தாள். ரொட்டிப் படத்தைப் பார்த்தாள். சத்தம் கேட்டு டெல்பர்ட் மரத்தூள் தலையோடு எட்டிப் பார்த்தார்.

"இது யாருது?" என்றாள்.

"என்னுது."

"உள்ள பாக்கலாமா?"

அவர் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு வழிவிட்டார். அவள் உள்ளே போய் ஒவ்வொரு இழுப்பறையையும் இழுத்துப் பார்த்தாள், மேசைப் பலகையில் கையை ஊன்றி அழுத்தினாள், கதவைச் சாத்தித் திறந்தாள்.

"பூட்டுமா?"

"உள்ளேயிருந்தும் பூட்டும், வெளியேயிருந்தும் பூட்டும்."

"நல்லது" என்றாள். அவ்வளவுதான். இறங்கித் தன் டிரெய்லருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டெல்பர்ட் என்னைப் பார்த்தார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நின்றேன். அவர் வேனுக்குள் போய்த் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சுத்தமான சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். நாலு வருடம் குடியிருந்த டிரெய்லரின் படிக்கட்டின்முன் நின்றார். கைப்பிடிவரை போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கதவை இரண்டு தரம் தட்டினார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

டெல்பர்ட்டுக்கு என்ன பெயர் சொல்வதென்று தெரியவில்லை. தொண்டையைச் செருமினார்.

"பக்கத்து வீடு" என்றார்.

கதவு உடனே திறக்கவில்லை. உள்ளே கெட்டில் வைக்கிற சத்தமும் கோப்பை எடுக்கிற சத்தமும் கேட்டன. அவர் படியில் ஏறாமல் கீழேயே காத்துக்கொண்டிருந்தார்.