பாவம் பார்க்காத ஆட்டம்

அவளுக்கு முதுகு வலி வந்ததிலிருந்து, திரும்பிய பக்கமெல்லாம் வைத்தியர்கள் முளைத்துவிட்டார்கள். அவர்களில் மருத்துவம் படித்தவர் ஒரே ஒருவர். மற்ற எல்லாரும் அவளுடைய பார்லருக்கு முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியதும் ஆரம்பித்துவிடுவார்கள். "எங்க மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அப்புறம் படுத்தவங்க எழுந்திருக்கவே இல்ல" என்று ஆறுதல் சொன்ன ஒருத்திக்கு, அன்று நெற்றி முடியைக் கேட்டதைவிட ஒரு விரற்கடை தாராளமாகவே வெட்டி அனுப்பினாள்.

படித்த மருத்துவர் ஸ்கேன் எடுத்த படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று காட்டினார். "ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. ரொம்ப நேரம் உக்காரவும் கூடாது."

"அப்ப தொங்கட்டுமா டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதினார்.

அவர் அனுப்பிவைத்த பிசியோதெரபிக்காரர் இன்னொரு ரகம். பேச்செல்லாம் பன்மையில்தான். "நாம இனிமே குனியக் கூடாது. நாம வாளி தூக்கக் கூடாது." வலி என்னவோ அவளுக்கு மட்டும்தான் இருந்தது. அறிவுரைக்கு மட்டும் அவரும் பங்குக்கு வந்து சேர்ந்துகொண்டார்.

வீட்டிலோ நாத்தனார். கணவனின் அக்கா. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்ததால் வந்துபோகத் தடையில்லை. வந்ததும் முதலில் பார்ப்பது துணி காயும் கொடியை. "முதுகு வலின்னு ஈரத் துணி தூக்க மாட்டே. மேஜை மேல சாஞ்சு பந்து அடிக்க மட்டும் வளையுதா?"

"வளையல அண்ணி. அதனாலதான் சாயறேன்."

கணவன் அக்கா பேசும்போது ஒரு முறையும், மனைவி பேசும்போது ஒரு முறையும் தலையாட்டுவான். அந்த வீட்டில் அவனுடைய கழுத்து எலும்பு மட்டும் முதல் தரமான நிலையில் இருந்தது.

அவள் பந்து அடிக்கப் போகும் கூடம் பார்லருக்கு நேர் மேலே, மாடியில் இருந்தது. பச்சைத் துணி போர்த்திய மேஜைகள், மேஜைக்கு ஆறு பைகள், வெள்ளைப் பந்தால் தட்டி வண்ணப் பந்துகளைப் பைக்குள் தள்ளுகிற ஆட்டம். அதன் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் உச்சரித்தால் குடும்பம் இருக்கிற இடத்தில் அடி விழும் என்பதால், எல்லாரும் பில்லியர்ட்ஸ் என்றே சொல்லிக்கொண்டார்கள். பல வருஷத்துக்கு முன்னால், மேலே ஒரு பந்து தரையில் விழுந்த அதிர்ச்சியில் அவள் கையிலிருந்த கத்தரி ஒரு வாடிக்கையாளரின் காதை உரசிவிட்டது. அதற்குச் சண்டை போடத்தான் முதன்முதலில் படி ஏறினாள். கூடத்தின் மேனேஜர், குரல் பெரிசு என்பதால் ஸ்பீக்கர் என்று பெயர் வாங்கியவர், சமாதானத்துக்கு ஒரு குச்சியை எடுத்து நீட்டினார். அவள் அடித்த முதல் அடியிலேயே பந்து மூலைப் பைக்குள் போய் விழுந்தது. கல்யாணமான பிறகு அவ்வளவு நல்ல சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து மதியம் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் மாடிதான்.

வலி வந்த பிறகு எல்லாரும் அவள் விட்டுவிடுவாள் என்று நினைத்தார்கள். அவள் விடவில்லை, ஆடும் விதத்தைத்தான் மாற்றிக்கொண்டாள். குனிவது வலித்தது. நிமிர்ந்தால் உயிர் போனது. இடையில், முழங்கையை மேஜையில் ஊன்றி, நெஞ்சைத் தாழ்த்திக் கிடக்கும் அந்த நேரத்தில் மட்டும் வலி வாயை மூடிக்கொண்டு இருந்தது. ஆகவே யோசனையை எல்லாம் நின்றபடியே முடித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை குனிந்து, அடித்துவிட்டு எழுவாள். மற்றவர்கள் ஒரு பந்துக்கு நாலு தடவை குனிந்து, நிமிர்ந்து, ஒரு கண்ணை மூடி, மேஜையைச் சுற்றி வந்து, கடைசியில் தவற விடுவதைப் பார்க்கும்போது அவளுக்கு எரிச்சலாக வரும். நல்ல முதுகுகளைக் கொடுத்து வீணடித்திருக்கிறான் கடவுள் என்று நினைத்துக்கொள்வாள்.

திரும்பினால் உடம்பு மொத்தமும் சேர்ந்து திரும்புவதால் கூடத்தில் அவளுக்கு 'பலகை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். கோபம் வந்ததில்லை. பலகை என்று சொல்கிறவன் குறைந்தபட்சம் அவளை எதிரியாக மதிக்கிறான். 'ஐயோ பாவம்' என்று சொல்கிறவனைத்தான் அவளால் தாங்க முடியாது.

அந்த வருஷம் கூடத்தில் நடந்த போட்டியில் அரையிறுதி வரைக்கும் அவள் வந்துவிட்டாள். எதிராளி, எதிர்த் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அறுபதை நெருங்கிய மனிதர், மடிப்புக் கலையாத சட்டை, தன்னைவிட நேர்த்தியாக ஆடுகிறவன் இன்னும் பிறக்கவில்லை என்கிற நினைப்பு. இருவருக்கும் பல வருஷமாக ஆகாது. அவர் அடிப்பதற்கு முன்னால் மூச்சை இழுத்துக் கண்ணை மூடித் திறப்பதை அவள் "சாமி வருது, தள்ளி நில்லுங்க" என்று எல்லார் காதிலும் விழச் சொல்வாள். அவள் அடித்து நிமிர்வதற்குள் தான் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று அவர் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சுவரோரம் நிற்க இடமில்லாத கூட்டம். ஆளுக்கு ஏழு பந்துகள். தன் ஏழையும் பைக்குள் அனுப்பிவிட்டு, கடைசியில் கறுப்புப் பந்தைப் போட்டவர் ஜெயித்தார். முந்திக்கொண்டு கறுப்பைப் போட்டால் அந்த இடத்திலேயே தோல்வி.

அவளுக்கு மூன்று பந்துகள் மிச்சம் இருந்தன, அவருக்கு ஒன்று. அவள் அடிக்க வேண்டிய பந்து மேஜையின் அந்தக் கோடியில் கிடந்தது. எட்டாத பந்துக்கென்று, குச்சியைத் தாங்கிப் பிடிக்க நுனியில் பல் வைத்த ஒரு நீளக் கழி உண்டு. ஊன்றுகோல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

"ஊன்றுகோல் எடுத்துத் தரட்டுமா மேடம்?" என்றார் கடைக்காரர், மிகவும் மரியாதையாக.

அந்த மரியாதைதான் அவளைக் கெடுத்தது. "நீங்களே வெச்சுக்குங்க. வீட்டுக்கு நடந்து போக உதவும்" என்று சொல்லிவிட்டு, ஒற்றைக் காலைத் தரையிலிருந்து தூக்கி, மேஜை மேல் நீண்டு அடித்தாள். பந்து பைக்குள் விழுந்தது. அதே நொடியில் முதுகு பிடித்துக்கொண்டது. இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு கம்பி சுண்டி இழுத்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி வளைந்தபடியே நின்றாள். ஸ்பீக்கர்கூடக் குரலைத் தணித்து, "சேர் போடுங்கப்பா" என்றார்.

"கொஞ்சம் உக்காருங்கம்மா. அவசரம் ஒண்ணுமில்ல" என்றார் கடைக்காரர்.

"நான் கேட்டேனா?" என்று பல்லைக் கடித்தபடி நிமிர்ந்தாள். அடுத்த அடியில் பந்து பையின் உதட்டில் பட்டுத் திரும்பி வந்தது.

அவர் முறை. தன் கடைசிப் பந்தைப் போட்டார். கறுப்புப் பந்து மூலைப் பையின் வாசலில் நின்றது. வெள்ளைப் பந்து அதற்கு நேர் பின்னால். பார்லரில் தரை பெருக்குகிற பெண்ணைக் கூட்டிவந்து விளக்குமாற்றைக் கொடுத்தாலும் போட்டுவிடுவாள். அவர் மூச்சை இழுத்தார், கண்ணை மூடித் திறந்தார், அடித்தார். வெள்ளைப் பந்து கறுப்பைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போய் ஓரத்தில் மோதியது. கூட்டத்தில் யாரோ "அடடா" என்றான், நல்ல மனசைப் பாராட்டுகிற குரலில்.

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. விட்டுக்கொடுத்துவிட்டான். இத்தனை பேர் பார்க்க, முதுகு பிடித்த பொம்பளைக்குப் பாவம் பார்த்துவிட்டான். அவளுடைய பந்துகள் இரண்டும் எளிய இடங்களில்தான் இருந்தன. போட்டுவிட்டுக் கறுப்பையும் போட்டால் இறுதி ஆட்டம். அவள் வெள்ளைப் பந்தின் பின்னால் போய் நின்றாள். வலியைத் தின்றபடி குனிந்தாள். தன் பந்துகளை ஏறெடுத்தும் பார்க்காமல், கறுப்புப் பந்தைப் பைக்குள் தள்ளினாள்.

"ஐயோ, என்னம்மா பண்ணிட்டே!" என்று அலறினார் ஸ்பீக்கர்.

"பிச்சை எடுத்து ஜெயிக்கற அளவுக்கு எனக்கு முதுகு கெட்டுப்போகல" என்று சொல்லிவிட்டுக் குச்சியைச் சுவரில் சாய்த்தாள். "ஆட்டத்தை அவரையே எடுத்துக்கச் சொல்லுங்க. அவரே கொண்டுபோய் ஷோகேஸ்ல வெச்சுக்கட்டும்."

படியில் பக்கவாட்டில்தான் அவளால் இறங்க முடிந்தது. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் சேர்த்து வைத்து. பாதி இறங்கியபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கடைக்காரர். முகம் சிவந்து, மூச்சு வாங்கி.

"நில்லுங்க. நான் உங்களுக்கு விட்டுக்கொடுத்தேனா? எனக்கென்ன பைத்தியமா?"

"எல்லாரும் பார்த்தாங்க."

"இத்தனை வருஷமா என்னை நீங்க பேசின பேச்சுக்கு, உங்களைத் தோக்கடிக்கணும்னே ராத்திரி தூக்கம் இல்லாம கிடந்தவன் நான். உங்க முதுகு பிடிச்சுக்கிச்சே, அப்ப எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

அவள் நின்றாள். இத்தனை நாளில் அவளுடைய முதுகைப் பற்றி ஒருவர் பேசிய முதல் உண்மையான பேச்சு அது.

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

அவர் அடுத்த படிக்கு இறங்கினார். காலால் துழாவி, படி இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் மிதித்தார். அதை அவள் கவனித்துவிட்டாள். அவரும் அவள் கவனித்ததைக் கவனித்துவிட்டார். மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டா தெரிஞ்சுது."

"எது?"

"கறுப்புப் பந்து. வலது கண்ணுல புரை. போன வருஷத்துலேர்ந்து."

"நீங்க கண்ணாடிக் கடை வெச்சிருக்கீங்க!"

"அதான் சொல்லல. கடைக்காரனுக்கே கண்ணு தெரியலன்னா எவன் வந்து கண்ணாடி வாங்குவான்?"

"ஆபரேஷன் பண்ணிக்க வேண்டியதுதானே?"

"கண்ணுக்குள்ள கத்தி வைப்பாங்கம்மா" என்றார் அவர். மடிப்புக் கலையாத அந்தச் சட்டைக்குள்ளிருந்து இவ்வளவு சின்னக் குரல் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு சுண்டியது. சுண்டச் சுண்டச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோதுதான் உறைத்தது. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தன் கையாலேயே தூக்கி எறிந்திருந்தாள், யாரும் பார்க்காத பாவத்துக்காக. எவன் கண்ணைப் பார்த்தாலும் அதில் தன் முதுகுதான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. நாத்தனாரின் முகம் நினைவுக்கு வந்ததும் அந்த எண்ணத்தை அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"ரெண்டா தெரிஞ்சா, ரெண்டுக்கும் நடுவுல அடிச்சிருக்கலாம்ல?" என்றாள்.

"இவ்வளவு கேவலமா பேசுவீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

இறுதி ஆட்டத்தில் அவர், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருக்கும் ஒரு வங்கி குமாஸ்தாவிடம் படுதோல்வி அடைந்தார். அவள் சுவரில் முதுகை ஒட்டவைத்து நின்று கடைசி வரைக்கும் ரசித்தாள். ஏன் தோற்றார் என்று தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே அவருடைய கடைக்குப் போய், வாடிக்கையாளர் வெளியே போகிற வரைக்கும் காத்திருந்து, "சீக்கிரமா ஆபரேஷன் பண்ணிக்கறீங்க. இல்லேன்னா கூட்டமா இருக்கற நேரம் பார்த்து வந்து, எல்லார் முன்னாடியும் விரலைக் காட்டி எத்தனைன்னு கேப்பேன்" என்றாள்.

"நீங்க மனுஷியா?"

"பலகை" என்றாள்.

அவர் ஒரு வாரம் கடை அடைத்தார். வெளியூர்க் கல்யாணம் என்று பலகையில் எழுதி வைத்துவிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வந்தார். திரும்பியபோது தன் கடையிலேயே விலை கூடிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தார். கேட்டவர்களிடம் புது மாடல் என்று சொல்லி நாலைந்து விற்றும்விட்டார்.

அவளுக்கு மட்டும் அப்படி வெட்டி எறிந்து தீர்கிற வழி இல்லை. சில நாள் பார்லரில் தலை அலசிவிட்டு நிமிரவே அரை நாள் ஆனது. சில நாள் மாடிப்படி ஏறவே முடியவில்லை. நாத்தனார் கைப்பேசியில் அனுப்பிய உடற்பயிற்சி வீடியோக்களைப் பார்க்காமலே அழித்தாள். பிசியோதெரபிக்காரர் "நாம ரொம்ப முன்னேறியிருக்கோம்" என்றபோது, "நீங்க எவ்வளவு தூரம் போயிருக்கீங்க?" என்று கேட்டாள்.

முடிகிற மதியங்களில் அவளும் கடைக்காரரும் ஆடினார்கள். வலி தூக்கியடிக்கிற நாளில் அவள் விளிம்பைப் பிடித்து நின்றால், அவர் நாற்காலியும் போடுவதில்லை, ஆறுதலும் சொல்வதில்லை. "சீக்கிரம் அடிங்க, கடை திறக்கணும்" என்பார். மாத்திரையைவிட அது அவளுக்குக் கேட்டது. அப்படி ஒரு நாள் அவளே போய் ஊன்றுகோலை எடுத்து வந்து வைத்து அடித்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அவள் முறைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு குச்சி நுனியில் சாக்பீஸ் தேய்த்தார்.

புதுக் கண்ணின் புண்ணியத்தில் அவர் அவளை வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்தார். மூன்றாவதில் அவளை ஒரு பந்துகூடப் போடவிடாமல் வேகமாக முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி ஊதித் துடைத்து, "இப்ப ஒண்ணாத்தான் தெரியுது" என்றார்.

அவள் பந்துகளைப் பைகளிலிருந்து பொறுக்கி எடுத்து, முக்கோணச் சட்டத்துக்குள் ஒவ்வொன்றாக உருட்டிவிட்டாள்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றாள். "இடது கண்ணுல ஏதாச்சும் வந்தா, தயவுசெஞ்சு என்கிட்ட சொல்லாதீங்க."