நாற்பது நிமிட வெயில்

இதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். மார்கழியா தையா என்று கேட்டால் தெரியாது. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகியிருந்தது. துவைத்த துணி நான்காவது நாளாக ஈரம். ஆகையால் இரண்டில் ஒன்று. வெயில் பத்து பத்துக்கு வந்தது. அதில் மட்டும் சந்தேகமில்லை.

குன்னூரில் எங்கள் வரிசையில் ஐந்து வீடுகள். குளிர்காலத்தில் எங்கள் ஹாலுக்கு ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் வெயில் வரும். ஜன்னல் வழியாக இறங்கித் தரையில் ஒரு பாய் அளவுக்கு விழும். பத்து ஐம்பதுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடும். அந்தப் பாய்க்குள் நாற்காலியைப் போட்டு, முழங்காலை நீட்டி, காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு படிப்பேன். எனக்கு எழுபது வயது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அன்றைக்கு நாவலில் பதினோரு பக்கம் பாக்கி இருந்தது.

பகல் முழுவதும் வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதான். அதனால் எல்லோரும் தங்கள் பொருள்களை என்னிடம் வைத்துவிட்டுப் போவார்கள். ஆறு வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டுப் பிலோமினா தன் வீட்டுச் சாவியை நீட்டினாள். "சரி, வச்சிட்டுப் போ" என்றேன். அதன் பிறகு என் வாய்க்கு அது பழகிவிட்டது. இப்போது மற்ற நான்கு வீட்டுச் சாவிகளும் எங்கள் ஆணியில்தான் தொங்குகின்றன.

அன்று ஏழு மணிக்கு மருமகள் சுகந்தி வந்தாள்.

"அத்தை, நேத்து நைட்டு பூரா ஆபீஸ் வேல. நான் தூங்கவே இல்ல. அந்தத் தூக்கம் அப்படியே கட்டில்ல கெடக்கு. நீங்க தூங்கிடுங்க."

"எனக்குத் தூக்கம் வரலம்மா."

"உங்களுது இல்லத்தை, என்னுது. சும்மாதான இருக்கீங்க."

"சரி, வச்சிட்டுப் போ" என்றது என் வாய்.

படுத்துப் பார்த்தேன். பாதிதான் தூங்க முடிந்தது. அது என் அளவு இல்லை. தோளில் இறுக்கியது. மீதியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

பேத்தி மகிழினி பள்ளிக்குப் புறப்பட்டாள். பதினான்கு வயது.

"பாட்டி, என் பசி டேபிள் மேல இருக்கு. நான் டயட்."

அவள் பசி மூன்று தோசை கேட்டது. வார்த்துப் போட்டேன். சட்னி காரம் போதவில்லை என்பதுபோல் தட்டைத் தள்ளியது.

கடைசியாக மகன் ரகுபதி ஒரு டிபன் பாக்ஸுடன் வந்தான்.

"அம்மா, இதுல என் கோபம் இருக்கு. மேனேஜர் ரூமுக்கு இத எடுத்துட்டுப் போக முடியாது. சாயந்தரம் வந்து வாங்கிக்கிறேன்."

"நேத்து வெச்சதே இன்னும் கெடக்குடா."

"ஃபிரிட்ஜுல வெச்சியா?"

"இந்தக் குளிருக்கு ஃபிரிட்ஜ் எதுக்கு?"

"எது சொன்னாலும் பதில் வெச்சிருப்ப. சும்மாதானம்மா இருக்க, மூடி கழண்டுக்காம பாத்துக்க."

டிபன் பாக்ஸை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவன் அதற்குள் பேருந்து ஏறியிருந்தான்.

அவர்கள் வைத்துவிட்டுப் போனதற்கெல்லாம் இடம் வேண்டும் என்பதால் ஹால் சற்று நீண்டது. அது வழக்கம்தான். வெயில் மட்டும் அதே பாய் அளவில் இருந்தது.

பத்து மணிக்குக் காபி போட்டேன். டிகாக்ஷன் நன்றாக இறங்கியிருந்தது. கம்பளிக் காலுறையை அடுப்பருகே காட்டி மாட்டிக்கொண்டேன். இவை இரண்டும் நல்ல விஷயங்கள். நியாயமாகச் சொல்லவேண்டும்.

பத்து பத்துக்கு வெயில் வந்தது. பத்து பதினொன்றுக்குப் பிலோமினா வந்தாள். பட்டுப்புடவை, அதன்மேல் ஸ்வெட்டர்.

"அக்கா, ஊட்டியில கல்யாணம். இந்த இருமல உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். சர்ச்சுக்குள்ள இருமுனா நல்லாவா இருக்கும்?"

"எப்ப வருவ?"

"மூணு மணிக்கெல்லாம் வந்துருவேன். சாப்பாடு ஒண்ணும் வேணாம். வெயில்ல வெச்சா போதும்."

"அந்த வெயில் எனக்கு வேணும், பிலோமி."

"உங்களுக்கென்னக்கா, தினமும் வருது. இதுக்கு ஒரு நாள்தான?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரி, வச்சிட்டுப் போ" என்றது.

அவள் இருமலை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். அது நாற்காலியை நிறைத்து உட்கார்ந்தது. ஒருமுறை இருமியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் நிழலில் நின்றேன். காபியில் ஆடை படர்ந்தது.

ஹால் மறுபடி நீண்டது.

அப்போது குரங்குக் குல்லா போட்ட ஒருவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். கையில் ஒரு பதிவேடு. வைப்பிடக் கணக்கெடுப்பு அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார்.

"இந்த வீட்ல பகல்ல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

"நீங்க இருக்கீங்கன்னு தெரியுதும்மா. யாரு இருக்கான்னு கேட்டேன்."

"நான்தான்."

அவர் டேப்பை எடுத்து என்னை அளந்தார். உயரம், அகலம், ஆழம். பதிவேட்டில் எழுதினார்.

"அலமாரி, பரண், மூலை. இதுல எதுன்னு போடட்டும்?"

"நான் ஆளு சார்."

"பதிவேட்ல ஆளுன்னு ஒரு பத்தியே இல்லீங்களே. பொருள் வாங்கி வெக்கிறீங்க. திருப்பிக் குடுக்கிறீங்க. எடுத்துக்கறது ஒண்ணுமில்ல. மூலைன்னு போட்டுக்கறேன். பரணுக்கு நீங்க உயரம் பத்தாது."

அவர் என் சால்வையில் ஒரு சீட்டை ஒட்டினார். மூலை, எண் நாற்பத்தேழு.

"ஆட்சேபணை இருந்தா?" என்று கேட்டேன்.

"தாராளமா எழுதிக் குடுக்கலாம். வீட்ல இருக்கிற ஆளு யாராச்சும் கையெழுத்துப் போடணும்."

"வீட்ல இருக்கிறது நான்தான்."

"நீங்க மூலை. இப்பத்தான பேசினோம்?" அவர் பேனாவையும் பதிவேட்டையும் நீட்டினார். "இத கொஞ்சம் வெச்சிருங்க. வாசல் கேட்டுப் பக்கம் போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன். சும்மாதான இருக்கீங்க."

என் வாய் என்ன சொன்னது என்று எழுதப்போவதில்லை. பேனாவையும் பதிவேட்டையும் அலமாரியில் வைத்தேன்.

மணி பத்து இருபத்தெட்டு. ஹால் இப்போது மிகவும் நீண்டுவிட்டது. அலமாரியிலிருந்து வெயில் வரைக்கும் நடக்க மூன்று நிமிடம் ஆனது. நடந்தேன். நடக்கும்போது என்னை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். சுகந்தியின் தூக்கத்தில் பாதி என்னிடம் இருந்தது. பேத்தியின் பசி மேசையில் இன்னொரு தோசைக்குக் காத்திருந்தது. என்னுடையது என்று சொல்ல, கையில் ஆறிய காபி இருந்தது. அக்குளில் நாவல் இருந்தது.

"எழுந்திரு" என்றேன் இருமலிடம்.

அது இருமியது.

"எழுந்திருன்னேன்."

அது கால் மேல் கால் போட்டது.

திரும்பி மூன்று நிமிடம் நடந்து அலமாரிக்கு வந்தேன். மகனின் டிபன் பாக்ஸை எடுத்தேன். எனக்குக் கோபம் வேண்டியிருந்தது. வீட்டில் கோபம் என்றால் அது அவனுடையதுதான். வேறு யாருடையதையும் யாரும் பார்த்ததில்லை. மூடியைத் திறந்தேன்.

உள்ளே இரண்டு இட்லி அளவுக்கு இருந்தது. வெதுவெதுப்பாக. ஓரத்தில் கொஞ்சம் காய்ந்திருந்தது. நாற்பத்தொரு வயது மனிதனுடைய கோபம். இதற்காகத்தான் பதினைந்து வருடமாக இந்த வீட்டில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

மூடியை மூடினேன். என்னுடையதை யாரிடமும் கொடுத்து வைத்ததில்லை. கொடுத்தால் அதற்குப் பாத்திரம் கிடையாது. என் கோபம் எழுந்து நின்றது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுபடி நடந்தேன். இந்த முறை இரண்டு நிமிடம்தான் ஆனது.

நான் குனிந்து வெயிலின் ஓரத்தைப் பிடித்தேன். தரையில் சற்று ஒட்டியிருந்தது. உரித்தால் வந்தது. பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டினேன். நாற்காலிக்கு அடியில் வந்தபோது ஒரே இழுப்பாக இழுத்தேன். இருமல் தரையில் விழுந்தது. நிழலில் கிடந்து என்னைப் பார்த்தது. பிலோமினாவின் முகச்சாயல் கொஞ்சம் இருந்தது.

சுருட்டிய வெயில் ஈரக் கம்பளி கனம் இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டேன். நாவலை எடுத்துக்கொண்டேன். சால்வையிலிருந்து சீட்டை உரித்துக் கதவில் ஒட்டினேன். நான்கு வீட்டுச் சாவிகளும் ஆணியில் தொங்கின. தொங்கட்டும் என்று விட்டேன். எங்கள் வீட்டை வெளியே பூட்டினேன்.

சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவதுதான் எங்கள் வரிசையில் வழக்கம். வாசலில் நின்று யோசித்தேன். வாங்கி வைக்க ஆள் யாரும் இல்லை. இருப்பவள் நான்தான். இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கேட்டில் குரங்குக் குல்லாக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க? மூலை நகரக் கூடாது."

என் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவரைக் கடந்தேன்.

எதிரே வளைவில் பேருந்து நிழற்குடை இருக்கிறது. அதன் சிமெண்டுப் பெஞ்சில் வெயிலை விரித்தேன். உட்கார்ந்தேன். முழங்கால் சூடேறியது. பத்து ஐம்பது ஆனது. வெயில் போகவில்லை. அதற்குப் போக இடமில்லை. பதினோரு பக்கத்தையும் நிதானமாகப் படித்து முடித்தேன். முடிவு நன்றாக இல்லை. அவசரமாக எழுதியிருந்தார்கள். அதற்கும் கோபம் வந்தது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

பிலோமினா மூன்று மணிக்கு வந்தாள். அதன் பிறகு அவள் இருமவே இல்லை. சர்ச்சில் பாடச் சொல்கிறார்கள். இருமல் உள்ளே இருக்கிறது, கதவில் காது வைத்தால் கேட்கும் என்கிறார்கள். ரகுபதி பதவி உயர்வு பெற்றான். தங்கமான மனிதன் என்று பெயர். சுகந்தி இன்றுவரை தூங்கவில்லை. மகிழினி மணி பார்த்துச் சாப்பிடுகிறாள். மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் வாசற்படியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். குல்லாக்காரர் பேனா இல்லாததால் கணக்கெடுப்பை முடிக்கவில்லை. ஹால் நீண்டுகொண்டே இருக்கிறது. பின்சுவரைக் காட்டேரி கிராமத்துப் பக்கம் பார்த்ததாக ஒரு டிரைவர் சொன்னார்.

எல்லோரும் தினமும் சாலையைக் கடந்து என் பெஞ்சுக்கு வருகிறார்கள். குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு வெயிலின் ஓரத்தில் நிற்கிறார்கள். சாவி எங்கே என்று கேட்கிறார்கள். நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.