பத்மாவை எழுப்ப ஒரு மணி

செல்வநாயகிக்கு அன்று விடியும்போதே தலை கொதித்தது. தொடர்ந்து நாலாவது நாளாகப் படுக்கை நனைந்திருந்தது. சவர்க்காரத்தைக் கண்ணால் கண்டு மூன்று மாதமாகிறது. சாம்பலைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கைத்தோல் உரிந்துவிட்டது. வீட்டில் மிஞ்சியிருந்த விரிப்பு ஒன்றே ஒன்று. அதன்மேல்தான் ஏழு வயது மகள் பத்மாவதி, மகாராணி மாதிரி, நாள் தவறாமல் பெய்து வைத்தாள்.

ஈரத்தையாவது பொறுக்கலாம். பொறுக்க முடியாதது மச்சாள் யோகம்மாவின் கடிதம். புருஷனின் அக்காவான அவள் கடலுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப்பில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி. அங்கே குண்டு போடும் விமானம் வருவதில்லை. மரவள்ளிக் கிழங்காவது வயிறு நிறையக் கிடைக்கும். பினாங்கிலோ இந்த வருஷம் பிறந்ததிலிருந்து துறைமுகத்தைத் தேடி விமானங்கள் வந்தபடி இருந்தன. பிள்ளையைக் கொஞ்ச நாள் வைத்திருக்க முடியுமா என்று கேட்டதற்கு, "படுக்கையை நனைக்காத பிள்ளையெண்டால் அனுப்புங்கோ, எங்களிட்டையும் துணியில்லை" என்று பதில் வந்திருந்தது. தோட்டத்து லாரி ஞாயிற்றுக்கிழமை அக்கரைப் படகுத்துறையான பட்டர்வொர்த்துக்கு வரும். அன்றைக்கு வியாழன்.

எழுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று எங்கிருந்தோ ஓர் அலாரம் கடிகாரத்தை இரவல் வாங்கி வந்தவர் அவள் புருஷன் தியாகராஜா. துறைமுகக் கந்தோரில் கணக்குப் பார்க்கிறவர். எதையும் ஒழுங்காகச் செய்கிறவர் என்று பெயர். அந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

"இரண்டு மணிக்கு வையுங்கோ எண்டுதானே சொன்னனான்? நேற்று எத்தனை மணிக்கு அடிச்சது?"

"இரண்டு மணிக்குத்தான்."

"எந்த இரண்டு மணி?"

தியாகராஜா கண்ணாடியைத் துடைத்தார். "தோக்கியோ இரண்டு மணி. வேறை நேரம் வைச்சிருக்கிறது குற்றம், தெரியுமோ?"

செல்வநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். ஜப்பான்காரன் வந்ததும் வராததுமாக ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளிவிட்டான். கந்தோருக்குச் சரி, ரேஷன் வரிசைக்குச் சரி. "பிள்ளையின்ரை மூத்திரத்துக்குமோ தோக்கியோ நேரம்?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்பட்டது.

அன்றிரவு அவளே கடிகாரத்தின் முள்ளைத் திருகி, பழைய நேரப்படி இரண்டு மணிக்கு வைத்தாள். மணி அடித்தது. தொட்டுப் பார்த்தாள், விரிப்பு காய்ந்திருந்தது. வென்றுவிட்டோம் என்று விளக்கைத் தூண்டிவிட்டுத் திரும்பினாள். அதற்குள் நனைந்துவிட்டது. பத்மா குப்புறக் கிடந்தாள், காதிரண்டையும் பொத்திக்கொண்டு. விழித்திருக்கிறாள்! விழித்துக்கொண்டே பெய்கிறாள்! செல்வநாயகிக்கு வந்த ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழவுமில்லை, அசையவுமில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று திட்டிவிட்டு விரிப்பை உருவினாள்.

மறுநாள் சாயங்காலம் மூவரும் சூலியா தெருவில் அப்துல் காதரின் கடைக்குப் போனார்கள். ரேடியோ, மின்விசிறி என்று பழுது பார்த்தவர். இப்போது கையில் அகப்பட்டதை வைத்து எதையாவது செய்து பிழைத்துக்கொண்டிருந்தார். தியாகராஜா அவரிடம் விஷயத்தை முன்பே சொல்லிவைத்திருந்தார்.

"கிராணி அண்ணே, அலாரத்தைத் தூக்கிப் போடுங்க லா. இதப் பாருங்க," என்று ஒரு பலகையை எடுத்து வைத்தார். இரண்டு கம்பி வலை, நடுவில் துணி, ஒரு பேட்டரி, பள்ளிக்கூடத்துச் சுவரில் இருப்பது போன்ற ஒரு மணி. "துணி நனைஞ்சா போதும், தானா அடிக்கும். தோக்கியோ நேரமும் வேணாம், எந்த நேரமும் வேணாம்."

தியாகராஜாவின் முகம் மலர்ந்தது. செல்வநாயகிக்கு எரிச்சல்தான் வந்தது. "நனைஞ்ச பிறகு அடிச்சு என்ன பிரயோசனம்? தோய்க்கிறது ஆர், இந்த மணியோ?"

"பழகிடும் அக்கா. சின்னதா வேணும்னா இந்த சைக்கிள் மணிய மாட்டித் தர்றேன். ரெண்டையும் கேட்டுட்டுச் சொல்லுங்க." அவர் துணியில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் விட்டார்.

மணி கணீரென்று கடையே அதிர அடித்தது.

செல்வநாயகி திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் நின்ற பத்மாவைக் காணவில்லை. தரையில் குப்புறக் கிடந்தாள். காதிரண்டையும் பொத்தியிருந்தாள். சட்டை நுனி பல்லுக்கிடையில். அவளுக்கடியில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அப்துல் காதர் பதறிப்போய்க் கம்பியைப் பிடுங்கினார். மணி நின்றது. பிள்ளை எழும்பவில்லை.

"எழும்பு பிள்ளை," என்று தியாகராஜா குனிந்தார்.

பத்மா துணியைக் கடித்தபடியே தலையை ஆட்டினாள். "அம்மா சொல்லேல்லை."

செல்வநாயகி சொல்லிக்கொடுத்ததுதான். விமானம் வருகிறதென்று தெருக்காவல்காரர் மணி அடித்தால் குப்புற விழு, காதைப் பொத்து, துணியைக் கடி, அம்மா "போதும்" என்று சொல்லும்வரை உயிரே போனாலும் எழும்பாதே. நாற்பது தடவையாவது சொல்லிக்கொடுத்திருப்பாள். எழும்பினால் அடியும் போட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளையை எழுப்புவதற்குத்தான் இத்தனை இரவாக மணியடித்தாள். எழும்பவில்லையென்று அடித்தும்விட்டாள்.

"போதும் ராசாத்தி, போதும்," என்று ஈரத்திலேயே உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பத்மா துணியைத் துப்பிவிட்டு, "ஒண்டும் விழேல்லையோ அம்மா?" என்று கேட்டாள்.

"அக்கா, அந்த சைக்கிள் மணி..." என்று தொடங்கிய அப்துல் காதர், செல்வநாயகியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஒரு மணியும் வேண்டாம்," என்றாள். புருஷனிடம் திரும்பினாள். "ஞாயிற்றுக்கிழமை இவள் லாரியிலை போறாள்."

"அக்கா என்ன எழுதினவ எண்டு மறந்துபோட்டீரோ? நனைச்சால்..."

"நனைப்பாள். மணிச் சத்தம் கேக்காத ஊரிலை நாலு நாள் நித்திரை கொண்டாளெண்டால் பிறகு நனைக்கமாட்டாள். நானும் கூடப் போறன். உங்கடை அக்காவுக்குத் துணியில்லாட்டி என்ரை கலியாணக் கூறைச்சேலையை விரிக்கிறன்."

"அவ ஒத்துக்கொள்ளாட்டி?"

"லாரி எங்களை அவவின்ரை வாசலிலை இறக்கிப்போட்டுப் போனாப்பிறகு ஒத்துக்கொள்ளட்டும்."