நூலகப் படிக்கட்டில் இரண்டாவது டேக்

வகுப்பில் இருந்த அத்தனை பேரின் வாயும் திரையில் அசைந்தது. ஒரு வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. தலைவி மடிக்கணினியின் ஒலியை முழுக்கக் கூட்டினாள், குறைத்தாள், மறுபடி கூட்டினாள். சந்தேகத்துக்கு ஒரு பாட்டை ஓடவிட்டாள். பாட்டு விடுதி அறையே அதிரும்படி கேட்டது. திரும்பவும் படத்தைப் போட்டாள். எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வாங்குகிற பையன் கண் தளும்ப என்னவோ உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தொட்டிக்குள் மீன் பேசுவது போல இருந்தது.

தலைவி என்பது அவள் பெயரில்லை. முதல் வருடம் வகுப்புப் பிரதிநிதியாக இருக்க யாரும் முன்வராதபோது அவள் கையைத் தூக்கினாள். அன்று தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை என்பது வகுப்பின் ஒருமித்த கருத்து. ஆய்வகச் சாவி காணோமா, பரீட்சைத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டுமா, யாருக்காவது காய்ச்சலா, எல்லாவற்றுக்கும் தலைவி. கடைசியில் இந்தப் படமும் அவள் தலையில்தான் வந்து விழுந்தது.

அந்தக் கல்லூரியில் அது ஒரு வழக்கம். பிரிவு உபசார விழாவில் ஒவ்வொரு துறையும் ஒரு படம் போட்டாக வேண்டும். கடைசி வருடத்து மாணவர்கள் ஒவ்வொருவராக நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, மறக்க முடியாத ஒரு நினைவையும் இனி என்ன செய்வதாக உத்தேசம் என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோர்கள் பார்த்து உருகுவார்கள். விழாவுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

வேறு துறைக்காரர்கள் இப்படிச் சொதப்பியிருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். இவர்கள் படித்தது மின்னணுவியல். பேசுகிற குரல் எப்படி மின்சாரமாகிறது, எப்படிக் காற்றில் போகிறது, எப்படி மறுபடி குரலாகிறது என்று பக்கம் பக்கமாக எழுதித் தேறியவர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் கண்ணிலும் காலர் மைக்கின் மியூட் பட்டன் அமுங்கியிருந்தது படவில்லை. வெளி மைக்கை இணைத்துவிட்டால் கேமராவின் சொந்த மைக் தானாக வேலையை நிறுத்திவிடும். வெளி மைக்கோ நாள் முழுக்க ஊமையாக ஒவ்வொரு சட்டையிலும் தொங்கிவிட்டு வந்திருந்தது.

"சோடா, இங்க வா."

ஒலிக்குப் பொறுப்பு சோடா. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் சோடா. தலைவியின் அறைத்தோழி, ஆய்வகத்தில் ஜோடி, சாப்பாட்டில் பங்காளி. வந்து பார்த்தாள். முகம் வெளுத்துப் போனது.

"ஹெட்ஃபோனைக் காதுல மாட்டிட்டுத்தானே இருந்த? எதுவுமே கேக்கலன்னு உனக்குத் தெரியலயா?"

முதல் ஆள் தொணதொணவென்று பேசியதால் மியூட் பண்ணினேன், எடுக்க மறந்துவிட்டேன் என்று சோடா முணுமுணுத்தாள். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. தலைவியின் மண்டை காய்ந்துகொண்டிருந்ததால் அவள் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலை எல்லாரையும் எப்படித் திரும்பப் பிடிப்பது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள். சோடாவின் மேல் ரொம்ப நேரம் கோபப்பட அவளால் முடியாது. இருவருக்கும் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது.

அதுதான் கடை. படிப்பு முடிந்ததும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து ஒரு சர்வீஸ் கடை போடுவதாகத் திட்டம். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், மைக், எது கெட்டாலும் சரி செய்து தரப்படும். தலைவி இடம் பார்த்தாயிற்று. பெயர்ப் பலகைக்கு நிறம் பார்த்தாயிற்று. வேலைக்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வந்த எந்தக் கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்கும் தானும் போகவில்லை, சோடாவையும் போகவிடவில்லை. அப்பாவிடம் சண்டை போட்டதில் அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். கடையின் சொந்தக்காரர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒற்றைப் பெண் என்றால் இடம் இல்லை, இரண்டு பேராக வந்து கையெழுத்துப் போட்டால் சாவி. நாளை மாலைக்குள் வரவில்லையென்றால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். எப்படியும் நாளை மாலை போய்விடலாம் என்று தலைவி அவரிடம் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை ஒவ்வொருவரையும் படிக்கட்டுக்கு இழுத்து வருவதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. ஒருத்தி அதே உடையைத் துவைக்கப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். ஒருவன் இடையில் முடியை ஒட்ட வெட்டியிருந்தான், பாதிப் பேருக்கு அடையாளமே தெரியவில்லை. போன தடவை கையைக் கோர்த்துக்கொண்டு வந்து, இதே படிக்கட்டில்தான் முதல் முதலாகப் பேசினோம் என்று சிரித்த ஜோடி, இந்த முறை தனித்தனியாக வந்தது. இடைப்பட்ட நாளில் சண்டை. இருவருக்கும் இப்போது வேறு நினைவு வேண்டுமாம். லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் படித்திருக்கலாம் என்று அந்தப் பெண் கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

முதல் தடவை எல்லாரும் பேசியதைத் தலைவி கேமராவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். கேன்டீன், கடைசி பெஞ்ச், நட்பு. மறுபடி கேன்டீன், கடைசி பெஞ்ச், நட்பு. அந்தக் கேன்டீனில் ஒரு நாளாவது வாயில் வைக்க முடிகிற மாதிரி ஏதாவது போட்டிருப்பார்களா? வகுப்பில் மொத்தம் எத்தனை கடைசி பெஞ்ச்தான் இருந்தது? எதிர்காலம் என்று வந்தால் ஆளாளுக்கு ஒரு கம்பெனி தொடங்கி உலகத்தை மாற்றுவதாக இருந்தார்கள்.

இரண்டாவது தடவை ஒருத்தருக்கும் நடிக்கத் தெம்பில்லை. தலைவியும் சிரிங்க, நிமிர்ந்து உட்காருங்க என்று சொல்வதை விட்டுவிட்டாள். சீக்கிரம் சொல்லிவிட்டு எழுந்து போங்கள் என்பதோடு சரி. இந்த முறை ஹெட்ஃபோனையும் அவளே மாட்டிக்கொண்டாள். யாரையும் நம்புவதாக இல்லை. சோடா ஓரமாக நின்று மைக்கை மாட்டிவிடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

ஜிம் என்று எல்லாரும் கூப்பிடுகிறவன் முதல் ஆளாக உட்கார்ந்தான். போன தடவை பயிற்சி மையம் தொடங்குவேன் என்று புஜத்தைக் காட்டியவன்.

"எனக்கு நாலு அரியர் இருக்கு. முதல்ல அதை முடிக்கணும். எங்கப்பாவுக்கு ரெண்டுன்னுதான் தெரியும்."

"இதைப் படத்துல போட்டா அவருக்குத் தெரிஞ்சுடும்டா," என்றாள் தலைவி.

"தெரியட்டும். இன்னொரு தடவை உக்காந்து பொய் சொல்ல என்னால முடியாது."

அங்கிருந்து அது ஒட்டுவாரொட்டி போலப் பரவியது. முதல் மதிப்பெண் பையன் வெளிநாட்டு ஆராய்ச்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆறு மாதம் தூங்கப் போவதாகச் சொன்னான். அதற்கு அப்புறம் என்று கேட்டதற்கு, தூங்கி எழுந்துதான் யோசிக்க வேண்டும் என்றான். ஒருத்தி இந்தப் படிப்பையே தனக்குப் பிடிக்கவில்லை என்றும், பிடிக்கவில்லை என்பது இரண்டாம் வருடமே தெரியும் என்றும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நடுவில் துறைத் தலைவர் வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "என்னம்மா இது, பெத்தவங்க முன்னாடி போடற படமா?" என்றார். மேடம், வேண்டுமானால் சத்தம் இல்லாத படம் ஒன்று கைவசம் இருக்கிறது, அதைப் போட்டுவிடலாமா என்று தலைவி கேட்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் தாண்டி எல்லாரும் பேசி முடித்தபோது, தலைவியும் சோடாவும் மட்டும் மிஞ்சினார்கள். நேரமாகிக்கொண்டிருந்தது. இதை முடித்துவிட்டு நேராகக் கடையின் சொந்தக்காரரிடம் போக வேண்டும்.

"சீக்கிரம் உக்காரு. போன தடவை சொன்னதையே சொல்லு. கடை, நாம ரெண்டு பேரு, அவ்வளவுதான். முடிச்சுட்டுக் கிளம்பலாம்."

சோடா உட்கார்ந்தாள். மைக்கைத் தானே மாட்டிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். லென்ஸையே பார்த்தாளே தவிர, அதற்குப் பின்னால் நின்றவளைப் பார்க்கவில்லை.

"மறக்க முடியாததுன்னா, ரெண்டாவது வருஷம் நாங்க ரெண்டு பேரும் கலையரங்கத்து ஆம்ப்ளிஃபயரைச் சரி பண்ணினது. அதுல சத்தம் வந்ததும் இவ என்னைக் கட்டிப்பிடிச்சு, நாம கடை போடறோம்டின்னு சொன்னா. நானும் தலையாட்டினேன்." மைக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இனிமே என்ன பண்ணப் போறேன்னா, அடுத்த மாசம் வேலைல சேரப் போறேன். வேற ஊர்ல. புதுசா சேர்றவங்களுக்கு, முதல் டேக் எடுத்த அன்னைக்குத்தான் போன்ல ஒரு கூட்டம் வச்சாங்க. இங்க எல்லாரும் பேசிட்டு இருந்தப்போ என் ஹெட்ஃபோன் என் போன்லதான் சொருகியிருந்துச்சு. அதான் எதுவும் பதிவாகலன்னு எனக்குத் தெரியல."

ஹெட்ஃபோனில் குரல் இரண்டு காதுக்குள்ளும் நேராக வந்து விழுந்தது. பக்கத்துப் படுக்கையிலிருந்து அவள் பேசுவதைவிடப் பக்கத்தில் இருந்தது. தலைவி ஹெட்ஃபோனைக் கழற்றவும் இல்லை, கேமராவை நிறுத்தவும் இல்லை.

"நேர்முகம் எப்ப நடந்துச்சு?"

"நீ கடைக்காக உங்கப்பாகிட்ட சண்டை போட வீட்டுக்குப் போயிருந்தியே, அப்ப."

அந்தப் பயணத்தில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டதும், ரயிலில் அழுதுகொண்டே வந்ததும், வந்து இறங்கியதும் முதல் வேலையாகச் சோடாவின் தோளில் சாய்ந்ததும் தலைவிக்கு ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. அந்தத் தோளுக்கு அப்போதே எல்லாம் தெரிந்திருக்கிறது.

"என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணவே இல்லயாடி?"

"சொல்லத்தான் உக்காந்தேன். நீ போர்டுக்கு என்ன கலர் வைக்கலாம்னு கேட்ட. நான் யோசிக்கறதுக்குள்ள நீயே நீலம்னு முடிவு பண்ணிட்டு எழுந்து போயிட்ட."

"கடை வேண்டாம்னு ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்கு வேணுமான்னு நீ ஒரு தடவையாவது கேட்டியா?"

கேட்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள் தலைவி. எப்போது கேட்டோம் என்று தேடினாள். இடம் பார்த்த நாளில் இல்லை. நேர்முகத்துக்குப் போக வேண்டாம் என்ற நாளில் நிச்சயமாக இல்லை. ஒவ்வொரு நாளிலும் சோடா தலையாட்டியதுதான் ஞாபகம் வந்தது. எத்தனை தேடியும் ஒரு கேள்வி அகப்படவில்லை. கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதைக் கொண்டுபோய் வைக்க இடம் இல்லாமல் தவித்தது.

"உன்கூட கடை போட்டா நான் காலம் முழுக்க மைக் மாட்டி விட்டுட்டே இருப்பேன்," என்றாள் சோடா. குரல் உடைந்தது. "உன்னைப் பிடிக்காம இல்ல. உன்னை விட்டா எனக்கு இங்க வேற யாரும் இல்ல, இருந்தா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டேதான் இருப்பேன். அதனாலதான் போறேன்."

அந்த நேரம் பார்த்துக் கடையின் சொந்தக்காரர் போனில் கூப்பிட்டார். தலைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் மறுபக்கம் போனாள். கூட்டாளி வேலைக்குப் போகிறாள் என்றும், தான் மட்டும் வருவதாகவும் சொன்னாள். எதிர்ப்பக்கம் நீண்ட பேச்சு நடந்தது. தனியாக ஒரு பெண், ராத்திரி நேரம், அக்கம்பக்கம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், வீட்டில் கலந்து பேசிவிட்டு முடிவு தருவதாகச் சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். போனைப் பைக்குள் போட்டாள். இரண்டாம் வருடத்திலிருந்து வளர்த்த கனவு போன் வைக்கிற சத்தத்தோடு முடிந்துவிட்டது, அழுவதற்குக்கூட நேரம் இல்லை, வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து சோடாவிடமிருந்து மைக்கைக் கழற்றித் தன் சட்டையில் மாட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். தலைவி சொல்லாமலேயே சோடா எழுந்து கேமராவுக்குப் பின்னால் போய் ஹெட்ஃபோனை மாட்டினாள்.

"நினைவு கேக்காத, நான் இப்ப கடுப்புல இருக்கேன். கடை போடப் போறேன். தனியா. இடம் இன்னும் கிடைக்கல, இவர் தரலன்னா வேற ஒருத்தர்கிட்ட கேப்பேன். அவ்வளவுதான், நிறுத்து."

சோடா நிறுத்தினாள். கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டு, சத்தம் சரியாக விழுந்திருக்கிறது என்றாள்.

கேமராவைப் பைக்குள் வைக்கும்போது தலைவிக்கு விழா ஞாபகம் வந்தது. சோடா பேசியதைப் பெரிய திரையில், எல்லாப் பெற்றோரும் பார்க்கப் போட வேண்டியிருக்கும். அதை வெட்டிவிட்டு வேறு ஏதாவது சின்னதாக எடுத்துப் போட்டுவிடலாம், அதுதான் நல்லது, யாருக்கும் சங்கடமில்லை. அப்படியே செய்துவிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயைக் கஷ்டப்பட்டு மூடினாள்.

"நீ பேசினது படத்துல இருக்கட்டுமா, எடுத்துடவா? உனக்கு எது சரின்னு படுது?"

சோடா நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு கேள்வி தன்னிடம் வரும் என்று எதிர்பார்த்தவள் போல இல்லை. படிக்கட்டில் மறுபடி உட்கார்ந்து, கன்னத்தில் கையை வைத்து யோசிக்க ஆரம்பித்தாள். யோசித்தாள், யோசித்தாள், யோசித்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு நேரமா என்று தலைவிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவளுக்குப் பதிலாகத் தானே சொல்லிவிட ஒரு பதில் நுனிநாக்கில் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.