தவிடன் சும்மா கிடந்த மத்தியானம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு வட்டக்கச்சியில் சின்னராசா வீட்டு முன்விறாந்தையில் கூடியிருந்தவர்கள் ஐந்து பேர். சின்னராசா மேசைக்குப் பின்னால் மரக்கதிரையில், கொப்பியும் நீலப் பேனையுமாக இருந்தார். மனைவி சுதர்சினி குசினி வாசலில், பாதி துருவிய தேங்காயோடு. மகள் யதுர்ஷிகா பள்ளிக்கூடச் சட்டையோடு நிலத்தில். சுதர்சினியின் தம்பி விஜிதரன் உள்ளே வரவில்லை. முற்றத்தில் நின்ற தன் ஓட்டோவிலேயே ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி இருந்தான். பக்கத்து வளவு ராக்காயி பிளாஸ்ரிக் கதிரையில், எந்த நேரமும் எழும்பிப் போகிறவர் போல விளிம்பில் இருந்தார். இவர்கள் கூடியதற்குக் காரணமானவன் யதுர்ஷிகாவின் மடியில், பழைய துவாய்க்குள் கிடந்தான்.

அவன் பெயர் தவிடன். நிறத்தைப் பார்த்து யதுர்ஷிகா வைத்த பெயர். வயது ஏழு கிழமை. ராக்காயியின் தங்கை வீரம்மா கொக்கிளாயில் இருக்கிறார். அவர் வீட்டு நாய் போட்ட ஐந்து குட்டிகளில் ஒன்றை ராக்காயி ஞாயிற்றுக்கிழமை கூடைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். திங்கள் மத்தியானம் அவனுக்கு வயிற்றாலை போகத் தொடங்கியது. இரவு படுக்குமுன் நாலு தரம். விடிய இன்னும் இரண்டு.

அந்த ஒழுங்கையில் ஒரு நடைமுறை உண்டு. வீட்டுக்குப் புதுக்குட்டி வந்தால் வீட்டாரும் அயலாரும் ஆளுக்கு ஒரு வாய் தங்கள் கையாலேயே கொடுக்கவேண்டும். கை மணம் தெரிந்தால்தான் அது வளர்ந்த பிறகு அவர்களைப் பார்த்துக் குரைக்காதாம். இதை யார் தொடங்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எவரும் தவறவிடுவதில்லை.

"ஒவ்வொருத்தரா வடிவாச் சொல்லுங்கோ," என்றார் சின்னராசா. "ஞாயிறு பின்னேரம் தொடங்கி இவனுக்கு ஆர் ஆர் என்ன குடுத்தனீங்கள்?"

"அத்தான், பொலிசில குடுக்கிற வாக்குமூலம் மாதிரி எல்லோ இருக்கு. ஒப்பமும் வைக்கவேணுமோ?" என்றான் விஜிதரன்.

"உன்னைத்தான் முதல்ல கேக்கிறன். சொல்லு."

"ரெண்டு பிஸ்கற். கிறீம் வைச்சது. ஒண்டை நான் திண்டனான்."

"பால்மாப் பால்," என்றாள் சுதர்சினி. "மூண்டு தரம். சீனி கொஞ்சம் போட்டது."

"சீனியோ?"

"பச்சைப் பாலை ஆர் குடிப்பினம்?"

ராக்காயி தொண்டையைச் செருமினார். "என்ர மாட்டுப் பால் ஒரு சிரட்டை. கறந்த சூட்டோட. அதுக்கு ஒண்டும் செய்யாது, தம்பி. அதைப் பிழை எண்டு எழுதிப்போடாதேங்கோ."

யதுர்ஷிகா கருவாட்டுத் துண்டு என்றாள், மெல்ல. சின்னராசா எல்லாவற்றையும் எழுதினார். கிளிநொச்சி பஸ் நிலையத்தில் இருபத்திரண்டு வருசமாக அவர் ரைம்கீப்பர். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று எழுதுகிற கை அது. எழுதி முடித்தபோது ஒரு வரி மட்டும் விடுபட்டிருந்தது. தான் பஸ் நிலையத்தில் வாங்கி, ஞாயிறு இரவு ஒருவரும் பாராமல் குட்டிக்குக் கொடுத்த மீன் றோல்ஸை அவர் எழுதவில்லை. தன் கை மணமும் அதற்குத் தெரியவேண்டும்தானே என்று அப்போது நினைத்திருந்தார்.

அந்த நேரம் தவிடன் துவாயை உதறிவிட்டு இறங்கினான். நாலு எட்டு நடந்து ராக்காயியின் செருப்பு வாரைக் கவ்வி இழுத்தான்.

"பாருங்கோ, சேட்டைக்குக் குறைவில்லை," என்றான் விஜிதரன். " என்னட்டைக் குளிசை கிடக்கு, அத்தான். தூரப் பயணம் போறாக்கள் போடுறது. கால்வாசி குடுத்தா அடைச்சுப்போடும்."

"மனுசற்ற குளிசையைக் கொண்டு வந்தியெண்டா உன்னைத்தான் அடைப்பன்," என்றாள் சுதர்சினி.

பால் நிறுத்தம் என்று முடிவானது. கொதித்தாறின தண்ணீரில், வயிற்றோட்டத்துக்குக் குடிக்கிற ஜீவனித் தூள் கரைத்துக் கரண்டியால், நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாக. குழையக் காய்ச்சின சோறு ஒரு கரண்டி, உப்புப் புளி இல்லாமல். சின்னராசா கொப்பியில் கோடு போட்டுப் பக்கத்தைப் பிரித்தார். மேலே 'வயிற்றாலை போன நேரம்' என்று எழுதி, பேனையை நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

"போகப் போக எழுதுங்கோ. நான் போன் எடுப்பன்."

எட்டு மணிக்குப் பஸ் நிலையத்திலிருந்து எடுத்தார். ஒரு தரம். பத்தரைக்கு எடுத்தார். இன்னொரு தரம், ஆனால் கொஞ்சம். பன்னிரண்டரைக்கு எடுத்தபோது, "அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை, கட்டம் வெறுமையாத்தான் கிடக்கு," என்றாள் சுதர்சினி. சின்னராசாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்தார்.

ஒன்று பத்துக்கு வரவேண்டிய முல்லைத்தீவு பஸ் ஒன்றரை ஆகியும் வரவில்லை. அவருடைய பதிவேட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. அவர் வழமைபோலச் சாரதியின் இலக்கத்தைத் தேடி எடுத்து அழைத்தார். வந்த பஸ்ஸைப் பற்றி அவர் ஒரு நாளும் ஒருவரிடமும் விசாரித்ததில்லை. வராத பஸ்ஸுக்குத்தான் போன் எடுப்பார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக் கொப்பியின் வெறுமையான கட்டம் அவர் நினைவுக்கு வந்தது. அழைப்பை வெட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்தார்.

"சுதா, அவன் என்ன செய்யிறான்?"

"சும்மா கிடக்கிறான். நல்ல பிள்ளை மாதிரி."

"எழும்பித் திரியிறேல்லையோ?"

"பத்து மணி தொடக்கம் கிடக்கிறான். நித்திரை எண்டு விட்டிட்டம்."

"தண்ணி?"

"குடிச்சவன். குடிச்சதை மூண்டு தரமும் சத்தி எடுத்துப்போட்டான்."

"மூண்டு தரமோ! ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் வயித்தாலை போறதைத்தானே எழுதச் சொன்னனீங்கள்," என்றாள் சுதர்சினி. அந்தக் குரலில் குற்றஞ்சாட்டல் இல்லை. அவளுக்கும் அந்தக் கணத்தில்தான் விளங்கியது. "கொப்பியில அதுக்கு இடம் இல்லை."

விஜிதரனின் ஓட்டோ இருபது நிமிடத்தில் பஸ் நிலையத்துக்கு வந்தது. பின்னால் சுதர்சினியும், பள்ளிக்கூடத்தால் வந்த கையோடு ஏறின யதுர்ஷிகாவும். துவாய் சின்னராசாவின் கைக்கு மாறியது. காலையில் செருப்பு வாரை இழுத்தவன், தலையைத் தூக்கவில்லை. கண் திறந்திருந்தது. அவரைப் பார்த்ததா, அவருக்குப் பின்னால் எதையோ பார்த்ததா என்று சொல்ல முடியவில்லை.

"செத்துப்போயிடுவானோ அப்பா?" என்றாள் யதுர்ஷிகா.

சின்னராசா துவாயை நெஞ்சோடு அணைத்தபடி ஓட்டோவில் ஏறினார். விஜிதரன் அன்றைக்கு வழி முழுக்க ஒரு பகிடியும் விடவில்லை.

கால்நடை வைத்தியர் அஸ்னாவுக்கு முப்பது வயதிருக்கும். தவிடனை மேசையில் கிடத்தி, மேலுதட்டைப் பெருவிரலால் உயர்த்தினார். "இஞ்ச பாருங்கோ. பல்லு முரசு இளஞ்சிவப்பா, ஈரமா இருக்கவேணும். இவருக்கு வெளிறி, ஒட்டுது." பிறகு தோள்மூட்டுக்கு நடுவில் தோலைக் கிள்ளி உயர்த்திவிட்டார். அது உடனே படியவில்லை. சேலைக் கொசுவம் போல நின்று, யோசித்து, மெல்லமாகத்தான் இறங்கியது. "தண்ணி வத்திப்போச்சு. ரத்தம் போனதோ?"

"இல்லை, டொக்டர்."

"என்ன சாப்பிடக் குடுத்தனீங்கள்?"

சுதர்சினி எடுத்துவந்திருந்த கொப்பியைச் சின்னராசா நீட்டினார். அஸ்னா வாசித்தார். கருவாடு என்ற இடத்தில் புருவம் உயர்ந்தது. "இவ்வளவும்தானோ?"

சுவரில் மணிக்கூடு ஓடியது. மேசையில் அந்தச் சின்ன விலா எலும்புகள் ஏறி இறங்கின.

"ஒரு மீன் றோல்ஸ்," என்றார் சின்னராசா. "நான் குடுத்தனான். ஞாயிறு இரவு."

சுதர்சினி திரும்பிப் பார்த்தாள். "எங்களை இருத்தி வைச்சு விசாரிச்ச மனுசன்!"

"வெங்காயம், மிளகு, எண்ணெய்," என்றார் அஸ்னா. "வெங்காயம் நாய்க்குக் கூடாது. சொன்னது நல்லது. நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை. பால், சீனி, பிஸ்கற், றோல்ஸ் எல்லாம் ஒரு நாளில எண்டா மனுசக் குழந்தைக்கும் வயிறு குழம்பும். பாலை நிப்பாட்டினது சரி. குளிசை குடுக்காததும் சரி. ஒண்டு ரெண்டு தரம் இளகிப் போய், அதோட குட்டி ஓடித் திரிஞ்சா, சோறும் தண்ணியும் குடுத்து ஒரு நாள் பாக்கலாம். ஆனா சத்தி எடுத்தா, குடிச்ச தண்ணி தங்காட்டி, ரத்தம் கண்டா, சோர்ந்து படுத்தா, அப்ப ஒரு நாள் பாக்கேலாது. அதுவும் தடுப்பூசி போடாத குட்டி. வயித்தால போறது நிண்டிட்டுது எண்டு சந்தோசப்பட்டிருப்பீங்கள், என்ன?"

"தேத்தண்ணியும் குடிச்சனான்," என்றார் சின்னராசா.

"போறதுக்கு உள்ளுக்கு ஒண்டும் இல்லை. அதான் நிண்டது."

ஊசி தோலுக்கடியில் இறங்கியது. சேலைன் போகப் போகத் தவிடனின் முதுகில் ஒரு திமில் முளைத்தது, ராக்காயியின் நாம்பன் கன்றுக்குப் போல. பிறகு அவனைச் சூடாக வைத்திருக்கும்படி சின்னராசாவின் மடியிலேயே கொடுத்தார்கள். அலுவலக விறாந்தை மர வாங்கில் நாலு பேரும் இருந்தார்கள்.

சின்னராசா இரண்டு விரலை அவன் நெஞ்சின் கீழ் வைத்தார். உள்ளே இதயம் அடித்தது. வழக்கப்படி மணிக்கூட்டைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். எண்ண முடியவில்லை. அவர் ஒன்று சொல்வதற்குள் அது மூன்று சொல்லிவிட்டது. திரும்பவும் தொடங்கினார், திரும்பவும் அது முந்திக்கொண்டு ஓடியது. முதல் பஸ் தொடக்கம் கடைசி பஸ் வரை எதையும் தவறவிடாத மனிதர், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடின இந்த உடம்புக்கு முன்னால் எண்ணுவதை விட்டுவிட்டார். இதற்கு ஒருவரும் நேரம் குறித்துக் கொடுக்கவில்லை. எப்படி ஓடவேண்டும் என்று ஒருவரும் பழக்கவில்லை. தண்ணீர் வற்றி, முரசு வெளிறி, தலையைத் தூக்கப் பலம் இல்லாத நேரத்திலும் அது தன் வேலையை ஒரு அடிகூடப் பிந்தாமல் செய்துகொண்டிருந்தது. அவருக்குக் கும்பிடவேண்டும் போல இருந்தது. இரண்டு கையிலும் குட்டி இருந்ததால் அப்படியே இருந்தார்.

திமில் மெல்ல மெல்ல வடிந்தது. தோல் பஞ்சு ஒற்றுவது போலத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. மூன்றே முக்காலுக்கு தவிடன் தலையைத் தூக்கினான். சின்னராசாவின் பெருவிரலை மணந்தான். பிறகு கடித்தான்.

"கடிக்கிறான்! அப்பாவைக் கடிக்கிறான்!" யதுர்ஷிகா வாங்கிலிருந்து துள்ளி எழும்பினாள்.

"அத்தான்ர கை மணம் வடிவாத் தெரிஞ்சிருக்கு," என்றான் விஜிதரன்.

புதன்கிழமை காலையும் ஒரு சேலைன் ஏறியது. அதற்குப் பிறகு சத்தி இல்லை. சோறும் அவித்த கோழியிறைச்சியும் கரண்டி கரண்டியாக உள்ளே தங்கின. வியாழன் காலை வைத்தியர் எடைபார்த்துக் கொடுத்த குடற்பூச்சி மருந்துப் பாணி உள்ளே போனது. பின்னேரம் வேலியோரம் தவிடன் குந்தியதைப் பார்த்து ராக்காயிதான் முதலில் கத்தினார். எல்லாரும் ஓடினார்கள். பிழிந்த இடியப்பம் போல, வெள்ளையாக, நீளம் நீளமாக, ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு கிடந்தன. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

"கடவுளே," என்றார் ராக்காயி, நெஞ்சில் கை வைத்து. "இவ்வளவையும் வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டோ என்ர செருப்பை இழுத்தவன்!"

சின்னராசா குனிந்து பார்த்தார். அந்த வயிறு ஒரு சிரட்டை அளவு. இந்தப் படைக்கும் சோறு போட்டு, இவர்கள் ஐந்து பேரின் அன்பையும் தாங்கி, அது மூன்று நாள் நின்றிருக்கிறது.

வைத்தியருக்கு போன் எடுத்துச் சொன்னார்கள். அவர் ஆச்சரியப்படவில்லை. "கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ, பிள்ளையும்தான். அது தாயிட்டையிருந்து வாறது. வயித்துக்குள்ள இருக்கேக்கையே, பிறகு பாலாலையும். கூடப் பிறந்த மற்றக் குட்டியளுக்கும் இருக்கும். தெரிஞ்சாக்களெண்டா சொல்லிவிடுங்கோ, பிந்தாமல்."

கொக்கிளாயில் நாலு குட்டிகள். அவையும் இந்நேரம் ஆளுக்கொரு வீட்டுக்குப் போயிருக்கும். அங்கேயும் சனம் ஆளுக்கொரு வாய் கொடுத்துக்கொண்டிருக்கும். வீரம்மாவுக்குப் போனில் சொல்லலாம் என்றாள் சுதர்சினி. ராக்காயி கையை விரித்தார். "அவளுக்குக் காது மந்தம். எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு வைச்சிடுவாள். எழுதிவிட்டா மகள் வாசிப்பாள், குட்டி வாங்கின நாலு வீட்டுக்கும் கைமாறும்."

சின்னராசா அன்று பின்னேரமே எழுத இருந்தார். ராக்காயி பக்கத்தில் இருந்து காவல் காத்தார்.

"'உங்கள் நாயிடமிருந்து வந்த பூச்சி' எண்டோ எழுதுறீங்கள்? அவள் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரிவாள், தம்பி. வெட்டுங்கோ."

"அப்ப எப்பிடி எழுத?"

"எல்லா நாய்க்கும் வாறது எண்டு எழுதுங்கோ. பொய்யில்லைத்தானே."

பொய்யில்லை. அப்படியே எழுதினார். பாலையும் சீனியையும் கருவாட்டையும் எழுதினார், ஒளிக்காமல் றோல்ஸையும் எழுதினார். பூச்சி மருந்தை வைத்தியரிடம் எடைபார்த்துத்தான் வாங்கவேண்டும், தடுப்பூசியையும் கேட்கவேண்டும் என்று எழுதி அடிக்கோடு இட்டார். பிறகு கடைசிப் பந்தியை எழுதினார்:

'வயிற்றாலை எத்தனை தரம் போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். சத்தி எடுக்கிறதா, குடித்த தண்ணீர் தங்குகிறதா, முரசு என்ன நிறம், கூப்பிட்டால் வருகிறதா என்று பாருங்கள். துடியாட்டமான குட்டி திடீரென்று நல்ல பிள்ளையாகிச் சும்மா கிடந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எங்கள் குட்டி தப்பியது எங்கள் கெட்டித்தனத்தால் அல்ல. அதன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்படி ஒன்றை நான் முன்பு அறிந்ததில்லை.'

"இது என்னத்துக்கு? உங்கட வயசை அவள் கேட்டவளோ?" என்றார் ராக்காயி.

"கிடக்கட்டும்," என்றார் சின்னராசா.

கடித உறையின் பசை காய்ந்து போயிருந்தது. சுதர்சினி குசினியிலிருந்து இரண்டு சோற்றுப் பருக்கை கொண்டுவந்து தேய்த்து, ஓரத்தை அழுத்தி ஒட்டினாள். வெள்ளி காலை ஏழு இருபது முல்லைத்தீவு பஸ் நடத்துநரிடம் சின்னராசா அதைக் கொடுத்தார். "முல்லைத்தீவில கொக்கிளாய்ப் பஸ்காரரிட்டக் குடு. ஐஸ் வாடிக்குப் பின்னால, வீரம்மா வீடு. இண்டைக்கே போய்ச் சேரவேணும்."

"என்ன அண்ணை, காணி உறுதிப் பத்திரமோ?"

"அதைவிடப் பெரிசு. மறந்திடாதை."

நடத்துநர் உறையைச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே தட்டிக் காட்டினான். பஸ் வெளிக்கிட்டது.