முதல் சொல் அம்மாவுக்கு

அந்தக் காப்பகத்தில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. முதல் பல், முதல் நடை, முதல் சொல், மூன்றும் பெற்றவளுக்கே சொந்தம். பகல் முழுக்கக் குழந்தை இங்கேதான் கிடக்கிறது, பல் முளைப்பதும் கால் ஊன்றுவதும் பாதிக்குப் பாதி இங்கேதான் நடக்கும். ஆனாலும் பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும். சாயங்காலம் அம்மாக்காரி வரும்போது, "இன்னிக்கு ஒரே துறுதுறுன்னு இருந்தான், வீட்ல கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க" என்பதோடு சரி. மறுநாள் அவள் வாயெல்லாம் பல்லாக வந்து, "நேத்து நடந்துட்டான்" என்பாள். பெரிய அத்தை மார்பில் கை வைத்து, "அப்படியா" என்று வாயைப் பிளப்பாள். எட்டு வருஷமாக அதே பிளப்பு. ஒரு அம்மாவுக்கும் சந்தேகம் வந்ததில்லை.

காப்பகம் பத்து மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. மேலே உள்ள அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் காலையில் குழந்தையை விட்டுவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விடுவார்கள். தொட்டில் அறை பெரிய அத்தையின் ஆட்சி. தவழத் தொடங்கியதுகள் எல்லாம் பக்கத்து அறையில் சின்ன அத்தையிடம். பெரிய அத்தைக்கு வயது நாற்பத்தொன்று, சின்ன அத்தைக்கு நாற்பத்தெட்டு. யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்களோ அவர்களே பெரியவர், அவ்வளவுதான்.

சின்ன அத்தைக்குக் காப்பகத்துக்கு வெளியே அத்தை என்று கூப்பிட ஆள் கிடையாது. கூடப் பிறந்தவர்கள் இல்லை, கல்யாணம் கூடி வரவில்லை, அம்மாவும் போய் ஆறு வருஷமாகிறது. ஒற்றை அறை, ஒற்றை அடுப்பு, ஒரு தட்டு. சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டால் திங்கட்கிழமைதான் வாயைத் திறப்பாள். திங்கள் காலையில் முதலில் வரும் குழந்தையைப் பார்த்து "வாடா ராசா" என்னும்போது குரல் கரகரவென்று யாருடையதோ போல வரும். அவளே ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

பட்டாணி ஒன்பது மாதத்தில் வந்தது. உருண்டை முகம், உருண்டை வயிறு, அதனால் அந்தப் பெயர். அதன் அம்மா எட்டாவது மாடியில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை பார்த்தாள். கெட்டுப்போன மிஷின், வராத பார்சல் என்று ஊரில் உள்ளவர்கள் எல்லாம் ஃபோனில் அவளைத் திட்டுவார்கள். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பாள். காப்பகத்தில் அவளுக்கு டெலிபோன் அம்மா என்று பெயர். வீட்டில் அவளும் பட்டாணியும் மட்டும்தான். அப்பா வேறு ஒரு குடும்பத்துக்கு அப்பாவாகிவிட்டார்.

குழந்தைகளைப் பேச வைப்பதில் சின்ன அத்தைக்கென்று ஒரு வழி இருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பெரிய அத்தை "பால் வேணுமா, வேணும்ல, இந்தா குடி" என்று மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். சின்ன அத்தை கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். மனசுக்குள் பத்து எண்ணுவாள். குழந்தை முதலில் அவள் வாயைப் பார்க்கும், பிறகு கண்ணைப் பார்க்கும். ஏழிலோ எட்டிலோ எச்சில் வழிய ஒரு சத்தம் வரும். அது வெறும் "பபப"தான். ஆனால் அவள் அதை முழுப் பதிலாக ஏற்றுக்கொண்டு, "அப்படியா சேதி, அப்புறம்?" என்பாள். அப்புறம் திரும்ப எண்ணுவாள். ஒற்றை ஆளாகவே இருந்து பழகியவளுக்குப் பத்து எண்ணுவது ஒரு கஷ்டமே இல்லை.

பட்டாணிக்கு முதலில் வந்தது மெட்டு. சொல் ஒன்றுமில்லாமல் கேள்வி கேட்கும், அதட்டும், கோள் சொல்லும். பதினாலாவது மாதத்தில் ஒரு நாள், எச்சிலில் ஊறிக் கூழான பிஸ்கட்டைச் சின்ன அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டி, "ந்தா" என்றது. சின்ன அத்தை பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். யாருமில்லை. அவளிடம் ஒருவர் ஒன்றை நீட்டி எத்தனையோ காலமாகியிருந்தது. வாங்கித் தின்றாள், மிச்சம் வைக்காமல். சாயங்காலம் டெலிபோன் அம்மா வந்தபோது, சட்டப்படி, "இன்னிக்கு ஒரே துறுதுறுன்னு இருந்தா, வீட்ல கவனிச்சுப் பாருங்க" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. "பந்து" வந்ததும் உருண்டையானதெல்லாம் பந்தாகிவிட்டது. ஆரஞ்சுப் பழம், பல்பு, வாட்ச்மேனின் வழுக்கைத் தலை. சின்ன அத்தை சொல்லிக் கேட்ட வாட்ச்மேன் தலையைத் தடவிக்கொண்டே, "பாப்பா சரியாத்தானே சொல்லுது" என்றார். "போச்சு" என்றால் கொட்டின பாலும் போச்சு, மூடின குழாயும் போச்சு, காலையில் லிஃப்ட் கதவுக்குப் பின்னால் மறைந்த அம்மாவும் போச்சு. இருபது மாதம் ஆவதற்குள் இருபத்தாறு சொற்கள் சேர்ந்திருந்தன. இரண்டை ஒன்றாகக் கோர்க்கவும் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் சின்ன அத்தையிடம்தான். வேறு யார் வந்தாலும் அவள் புடவைக்குப் பின்னால் போய் வாயைப் பூட்டிக்கொள்ளும்.

டெலிபோன் அம்மா தினமும் கேட்பாள், "ஏதாச்சும் சொன்னாளா?" ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். கடைசியில் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "வந்துரும்மா" என்பாள் சின்ன அத்தை.

முதல் மாதம் அது சட்டம். அம்மா காதில் முதலில் விழட்டும், நாளைக்கே துள்ளிக் குதித்துக்கொண்டு வருவாள் என்று நினைத்தாள். இரண்டாம் மாதம் கொஞ்சம் உறுத்தியது. மூன்றாம் மாதம் சொல்ல நினைத்து, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று விழுங்கினாள். அதற்கப்புறம் உண்மை வேறு, அது அவளுக்கே தெரியும். அவளுக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. உலகத்தில் தன்னிடம் மட்டும் பேசுகிற உயிர் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை தாழ் போட்ட பிறகு அந்த வாரத்துப் புதுச் சொற்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். அதில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் மற்ற குழந்தைகள் எல்லாம் போன பிறகு டெலிபோன் அம்மா ஒரு ஃபைலோடு வந்தாள். குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டாள். பட்டாணி தரையில் சிவப்புக் கப்பை உருட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு இவ வரமாட்டா. காலையில ஆஸ்பத்திரி. மயக்க மருந்து கொடுத்துக் காதைச் சோதிக்கணுமாம். அப்புறம் பேச வைக்கிறதுக்குன்னே ஒரு ஸ்கூல் இருக்காம், எழுதிக் கொடுத்திருக்காங்க."

சின்ன அத்தை உருண்டு வந்த கப்பைப் பட்டாணி பக்கம் திருப்பி உருட்டிவிட்டாள்.

"பின்னாடி நின்னு தட்டைத் தட்டித் தட்டிப் பாக்குறேன். டக்குன்னு திரும்பறா. ஆனா ஒரு வார்த்தை இல்ல. டாக்டர் கேட்டாரு, எத்தனை வார்த்தை சொல்லுதுன்னு. ஒண்ணும் இல்லைங்கன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு." அவள் ஃபைலின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். "மயக்கம் கொடுக்கிற ஊசி சின்னதாத்தான் இருக்குமாம்."

சொன்னால் அம்மாக்காரி கோபத்தில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். சொல்லாவிட்டாலும் அந்த ஸ்கூலுக்குப் போய்விடும், ஊசியும் போட்டுக்கொண்டு. பட்டாணியின் கை மணிக்கட்டில் மடிப்பு விழுந்து அவ்வளவு குண்டாக இருந்தது.

"இருபத்தாறு" என்றாள்.

"என்னது?"

"இருபத்தாறு வார்த்தை. டாக்டர்கிட்ட அப்படிச் சொல்லுங்க. நல்லாவே காது கேக்குது."

ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்த மாதம் எது வந்தது, எதைக் காட்டி வந்தது, எல்லாம். கோர்வையாக, தடங்கலில்லாமல் வந்தது, அத்தனை சனிக்கிழமை ஒத்திகை. டெலிபோன் அம்மா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ஆறு மாசமா."

"தினமும் கேட்டேனே. இந்த வாசல்ல நின்னு தினமும் கேட்டேனே."

சட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். பெரிய அத்தையும் சாட்சி சொல்வாள். சின்ன அத்தை போடவில்லை. "ஆரம்பத்துல நீங்கதான் முதல்ல கேக்கணும்னு சொல்லாம இருந்தேன். அப்புறம் எனக்கே வச்சுக்கணும்னு தோணிப்போச்சு. தப்புதான்."

"உங்ககூடப் பேச ஆளில்லேன்னா அதுக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா?"

சின்ன அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"டாக்டர்கிட்ட சொல்றேன். ஆனா இனிமே இங்க விடமாட்டேன். திங்கக்கிழமைக்குள்ள வேற இடம் பாத்துக்கிறேன்." எழுந்தாள், பையை எடுத்தாள், பிறகு போகாமல் அங்கேயே நின்றாள். கோபமெல்லாம் எங்கேயோ வடிந்துபோய்க் குரல் மெலிந்துவிட்டது. "என்கிட்ட ஏன் பேசல? நான் வீட்ல பேசிக்கிட்டேதான் இருக்கேன். ஒரு நிமிஷம் சும்மா இருக்கிறதில்ல."

"எப்படிப் பேசுவீங்க? காட்டுங்க."

டெலிபோன் அம்மா மறுபடி உட்கார்ந்து கப்பை எடுத்தாள். "இது என்னடா செல்லம், கப்பா, தண்ணி குடிக்கிற கப்பா, ஆமா கப்பு, சிவப்புக் கப்பு, அம்மாவுக்குக் குடுப்பியா, குடுக்க மாட்டியா, சரி நீயே வச்சுக்கோ." மூச்சு விட்டதே தெரியவில்லை. பட்டாணி மழையை வேடிக்கை பார்ப்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்டுட்டு நிறுத்திருங்க" என்றாள் சின்ன அத்தை. "பத்து எண்ணுங்க. அவ முறை அது."

"பத்தா?" டெலிபோன் அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "மேல ஆபீஸ்ல மூணு எண்ணுறதுக்குள்ள நாங்க பேசலேன்னா கம்ப்யூட்டர்ல சிவப்பு லைட் எரியும். சூப்பர்வைசர் வந்து முதுகுக்குப் பின்னாடி நிப்பாரு. அந்தப் பக்கம் ஆள் யோசிச்சாக்கூட நாங்கதான் எதையாச்சும் சொல்லி ரொப்பணும். பதினோரு வருஷமா அதான் பண்றேன்." சொல்லச் சொல்ல அவளுக்கே விளங்கிவிட்டது.

மறுபடி கப்பைக் காட்டினாள். "இது என்ன?" மடிக்குக் கீழே விரல்விட்டு எண்ணினாள். ஐந்தில் உதடு துடித்தது. கடித்துக்கொண்டாள். எட்டில் நெற்றி வியர்த்தது. பத்தாவதில் பட்டாணி திரும்பிச் சின்ன அத்தையைப் பார்த்து, நீயே சொல்லிவிடேன் என்பது போல நின்றது.

"நான் இங்க இருக்கிற வரைக்கும் உங்க பக்கம் திரும்பமாட்டா" என்று சின்ன அத்தை எழுந்தாள். முழங்கால் வலித்தது. பட்டாணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

நடையில் ஆளில்லை. எல்லா அலுவலகமும் விட்டுவிட்டது. கதவோரமாக நின்றாள்.

"இது என்ன?" என்று உள்ளே கேட்டது. அப்புறம் சத்தமில்லை. சின்ன அத்தையும் கூடவே எண்ணினாள். பத்து தாண்டியது. பதினைந்து தாண்டியது. அழப்போகிறது என்று நினைத்தாள்.

"அத்த" என்றது பட்டாணி. கொஞ்சம் பொறுத்து, "அத்த எங்க?" என்றது.

அது தன் மகள் தன்னிடம் கேட்ட முதல் கேள்வி என்று டெலிபோன் அம்மாவுக்குத் தெரியும். அதில் வேறு ஒருத்தி இருக்கிறாள் என்பதும் தெரியும். சின்ன அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதில் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"அத்தை வெளிய இருக்காங்க" என்றாள் டெலிபோன் அம்மா. குரல் உடைந்திருந்தது. சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"வெளிய" என்றது பட்டாணி.

"ஆமா. வெளிய."

"கதவு."

"ஆமாடா. கதவுக்கு அந்தப் பக்கம்."

தன்னைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொள்வதைச் சின்ன அத்தை கேட்டே ரொம்ப வருஷமாகிறது. கை தானாகவே கதவின் பிடிக்குப் போயிருந்தது. திறந்தால் பட்டாணி ஓடி வரும், காலைக் கட்டிக்கொள்ளும், அம்மாவை மறந்துவிடும். அவளுக்குத் திறக்க வேண்டும் போல இருந்தது. அழுகையாக வந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே டெலிபோன் அம்மா வேறு ஏதோ கேட்டாள், கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பட்டாணி என்னவோ சொன்னது, கதவுக்கு இந்தப் பக்கம் சரியாகப் புரியவில்லை. டெலிபோன் அம்மா சிரித்தாள். பட்டாணியும் சிரித்தது. பேச்சு அத்தையை விட்டு வேறெதற்கோ போய்விட்டது. சின்ன அத்தையின் பையும் வீட்டுச் சாவியும் உள்ளேதான் இருந்தன. எடுக்கப் போகாமல் மாடிப்படியில் உட்கார்ந்து, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.