அருவிக்குப் போகாத பூட்ஸ்

பூட்ஸு நனையாம வந்திருக்கு. சீசன் நேரத்துல, குற்றாலம் மெயின் அருவில டூட்டி பாத்த போலீஸ்காரர் பூட்ஸு நனையாம வருமா? நீங்களே சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரர் இசக்கிமணி பூட்ஸை நான்தான் சுத்தம் பண்ணுவேன். கயிறை உருவி, ஈரத்துணியால தொடச்சி, உள்ள பேப்பரைத் திணிச்சி, நெழல்ல காய வச்சி, தோல் வெடிக்காம இருக்க கிரீம் தேச்சி, பெறவுதான் பாலிஷு. அருவி டூட்டின்னா தோலெல்லாம் ஊறிப்போய், குளிக்க வாரவங்க தேச்ச எண்ணெ பிசுபிசுன்னு ஒட்டியிருக்கும். அதைப் பாத்தே கூட்டம் எம்புட்டுன்னு சொல்லிருவேன்.

இப்போ கொஞ்ச நாளா எண்ணெயும் இல்ல, ஈரமும் இல்ல. செம்மண்ணுதான் இருக்கு. தையல் இடுக்குல மஞ்சப்பொடி. வெரல்ல எடுத்துப் பாத்தேன். சூரியகாந்திப் பூவுல உள்ளது.

இந்தப் பக்கம் சூரியகாந்தி வயலுன்னா சுந்தரபாண்டியபுரம்! எனக்கு குப்புன்னு ஏறிட்டு. என்னையப் பொண்ணு பாக்கதுக்கு முந்தி, அவியளுக்கு அந்த ஊரு வள்ளித்தாயத்தான் பேசியிருந்தாவ. ஜாதகம் சேரலன்னு விட்டாவ. இப்போ என்னத்தைச் சேக்கப் போறாவளாம்?

"அருவில கூட்டமோ?"ன்னு கேட்டேன்.

"நிக்க எடமில்ல, உமா"ன்னாவ, என் மூஞ்சியப் பாக்காம.

புளுகு! முழுப் புளுகு! ஆனா மாமா உக்காந்திருந்தாவ. குற்றாலிங்கம் மாமா ரிட்டயர்டு ஏட்டு. மவன் பூட்ஸை ஒரு பார்வ பாக்காம காப்பியத் தொட மாட்டாவ. அவிய முன்னால என்னத்தைச் சண்ட போட? மறுநாள் காசிவிசுவநாதர் கோயிலுக்குன்னு சொல்லிட்டு சுந்தரபாண்டியபுரம் பஸ்ல ஏறினேன். வள்ளித்தாயும் அவியளும் சேந்து நிக்கதப் பாத்தா, அப்படியே எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்னு முடிவு பண்ணிட்டேன்.

வயல் ஓரம் போட்டோ எடுக்க ஒரே கூட்டம். நடுவுல விசில் சத்தம். அவியதான்! காலைல போட்டுட்டுப் போன காக்கியக் காணும், சாதா சட்டை. காலுல மட்டும் நான் பாலிஷ் போட்ட பூட்ஸ். பூவைப் பறிக்கவங்கள வெரட்டிக்கிட்டு மொட்ட வெயில்ல நிக்காவ.

வெள்ளரிக்கா விக்க அக்காகிட்ட, தெரியாதவ மாதிரி விசாரிச்சேன்.

"வயக்காரர் காவலுக்கு வச்சிருக்காரு. போலீசாம். அருவில வரிசைய மீறி வந்த பெரிய எடத்துப் பையனப் புடிச்சி இழுத்துட்டாராம், சஸ்பெண்டு பண்ணிட்டாவ. அப்பாவும் போலீசா இருந்தவராம். தெரிஞ்சா தாங்க மாட்டாருன்னு வீட்டுல மூச்சு விடல. பாவம்."

நான் அவிய கண்ணுல படாம திரும்பிட்டேன். பஸ்ல வர வழியெல்லாம் அழுகையும் கோவமும். பாவி மனுசா, எங்கிட்டயாவது சொல்லப்படாதா? நானும் என்னவெல்லாம் நெனச்சிட்டேன்!

சாயங்காலம் அவிய பூட்ஸைக் கழட்டிட்டுக் குளிக்கப் போனாவ. செம்மண்ண அவசரமாத் தட்டிட்டு, ஒரு செம்புத் தண்ணிய அதுமேல ஊத்தினேன். நிமிந்தா, மாமா நிக்காவ.

"இன்னைக்கு அருவில செமக் கூட்டமாம் மாமா"ன்னேன்.

மாமா குனிஞ்சி ஒரு பூட்ஸை எடுத்து, தையலப் பெருவெரலால தடவினாவ. வெரல்ல மஞ்ச ஒட்டிச்சி. அதை வேட்டில தொடச்சிட்டு, குளியலறைப் பக்கம் ஒருக்கா பாத்துட்டு, கொரலத் தணிச்சிச் சொன்னாவ:

"தண்ணி மட்டும் போதாதும்மா. ரெண்டு சொட்டு எண்ணெயும் விடு. நான் தெனமும் பாப்பேன்னு அவனுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியலன்னே அவன் நெம்மதியா இருக்கட்டும்."